நாற்பது பேர், இரண்டு டப்பா

தாண்டவராயன் மூன்றாவது தடவையும் கூட்டிப் பார்த்துவிட்டார். மலை மையத்தில் சிவப்பு டப்பா மாத்திரைக்காரர்களுக்கு எவ்வளவு ரத்தம் ஊறியிருந்ததோ, நீல டப்பாக்காரர்களுக்கும் அவ்வளவே ஊறியிருந்தது. ஒன்றில் இரும்புச்சத்து, இன்னொன்றில் வெறும் மாவு. மாவு தின்று ரத்தம் ஊறுமென்றால் டாக்டர்கள் எதற்கு?

ஆலங்காயம், கலசப்பாக்கம், ஜவ்வாது மலை என்று மூன்று மையங்கள். மையத்துக்கு நாற்பது பேர். மூன்று வருஷமாகப் புள்ளியியல் பார்த்துப் பார்த்து அவருக்குத் தலை நரைத்ததுதான் மிச்சம். இரண்டு மையமாவது தேறாவிட்டால் ஆராய்ச்சியையே மூடிவிடுவோம் என்று டெல்லியிலிருந்து கடிதம் வேறு. பஸ் பாதியில் நின்றுவிட, மீதி மலையை நடந்தே ஏறினார்.

"நான் இன்னா சார் பண்றது?" என்றாள் நர்ஸ் சம்பூர்ணம். "டப்பாவ வாங்கினு போயி எல்லாத்தையும் ஒரே மொறத்துல கொட்டிக் கலந்துடறாங்க."

ஊர்க்கவுண்டர் சடையனுக்கு இதில் என்ன தப்பு என்றே விளங்கவில்லை. "பன்னி அடிச்சாலே வூட்டுக்கு ஒரு கூறு போட்டுத்தான் சார் எடுப்போம். மாத்திரையில மட்டும் ஆளுக்கு ஒரு மாதிரியா?"

"சரி, இனிமே நர்ஸம்மா எதிர்லயே முழுங்கணும்" என்றார் தாண்டவராயன்.

அடுத்த மாதம் பாதிப்பேர் வரவில்லை. விடிவதற்குள் சாமைக் காட்டுக்குப் போய்விட்டார்களாம். வருகிறவர்களுக்கு ஆளுக்கொரு வெல்லக்கட்டி தரச்சொன்னார். அதற்கடுத்த மாதம் எழுபது பேர் வரிசையில் நின்றார்கள். எண் போட்ட அட்டை இருந்தால்தான் மாத்திரை, வெல்லம் என்று கறாராக உத்தரவு போட்டார்.

"இப்ப அட்டையையும் முறை வச்சிக்கினாங்க சார்" என்றாள் சம்பூர்ணம். "இன்னிக்கு இந்த வூடு, நாளைக்கு அந்த வூடு."

தாண்டவராயனுக்குக் கோபப்படக்கூடத் தெம்பில்லை. எப்படியோ தொலையட்டும் என்று மலை மையத்தை ரத்து செய்து கையெழுத்துப் போட்டார். கீழே இரண்டு மையங்களும் தங்கமாக நடந்தன. ரத்தப் பரிசோதனை அடுத்த மாதம்தான். ஆனால் வருகைத்தாளில் ஒரு எண்கூட விட்டுப்போனதில்லை. பேர்கள் அந்தந்த ஊரோடு சரி, அவருக்கு வருவது எண் மட்டுமே. அவ்வளவு ஒழுங்காக வந்ததால் அவர் அங்கே எட்டிப் பார்த்ததும் கிடையாது. அது போதும், மூன்று வருஷம் வீணில்லை.

சடையன் மனைவி பாஞ்சாலி பாவப்பட்டு ஒரு சொம்பு கூழ் கொண்டுவந்து கொடுத்தாள்.

"உங்களத் திருத்த முடியாதும்மா" என்றார் குடித்துக்கொண்டே. "கீழ ஆலங்காயத்துலயும் கலசப்பாக்கத்துலயும் பாருங்க. நாப்பது பேரும் ஒருநாள்கூட தவறாம வர்றாங்க."

"தவறுவோமா சார்?" என்றாள் பாஞ்சாலி. "புளி விக்க சந்தைக்குப் போறப்ப ஆலங்காயத்துல வாங்கிக்கிறோம், நடவுக்கு எறங்கறப்ப கலசப்பாக்கத்துல வாங்கிக்கிறோம், மூணு ஊர்லயும் பேர் குடுத்துருக்கறது நாங்கதான சார்?"