முந்தானையில் இரண்டு எழுத்து

நாற்பது வேண்டிய இடத்தில் முப்பத்தாறு இருந்தது. சிவசங்கரி பக்கத்தை மூடிவிட்டு மறுபடி திறந்தாள். அதே முப்பத்தாறு. சி.ஏ. கடைசிப் பரீட்சையில் இது மூன்றாவது முறை.

"இன்னாம்மா, ரிசல்ட் வந்துடுச்சா?" முன் அறையிலிருந்து அப்பா குப்புராஜ் கேட்டார்.

"சர்வர் வேலை செய்யலப்பா."

சொன்ன பிறகுதான் அது எவ்வளவு சின்னப் பொய் என்று தெரிந்தது. சாயங்காலம் வரைகூடத் தாங்காது.

சேவூரில் பன்னீர்செல்வத்தின் தறியில் அப்பா கொடுத்த பட்டு நூல் பாவு ஓடிக்கொண்டிருந்தது. அவளுக்கென்று அரக்குச் சேலை. கல்யாணச் சேலையில் மணமக்கள் பெயரை நெய்வதுபோல, முந்தானையில் ஜரிகையால் 'சிவசங்கரி சி.ஏ.' என்று வரவேண்டும். மூன்று மணிக்கு முந்தானை ஆரம்பம். ஞாயிற்றுக்கிழமை அத்தை மகள் கல்யாணத்துக்கு அதைத்தான் உடுத்த வேண்டும். ஆரணியே வந்து படிக்கும்.

"ஆடிட்டர் ஞானசந்திரன் சார் ஆபீஸ்ல நெட்டு ஜல்தியா இருக்கும். நம்பர எழுதிக் குடு, பார்த்துட்டு வர்றேன்" என்றார் அப்பா.

எழுதினாள். கடைசி இலக்கம் ஏழு; அதை ஒன்று என்று மாற்றினாள். அப்பா சீட்டைக் கொஞ்ச நேரம் பார்த்தார். மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு வண்டியை எடுத்தார்.

ஒரு மணி நேரம் கழித்துத்தான் வந்தார். செருப்பை மெதுவாகக் கழற்றினார்.

"அப்படி ஒரு நம்பரே இல்லைன்னு வருதும்மா."

"சர்வர்தான்ப்பா. ரிசல்ட்டே நாளைக்குத்தான்னு இப்ப போட்டிருக்காங்க."

"அப்படியா? இன்னா சர்வரோ, பேஜார் பண்ணிகினு." அப்பா அவளைப் பார்க்கவில்லை. மின்விசிறியைப் பார்த்தார்.

உடனே பக்கத்து வீட்டுக் கெங்கம்மாள் தட்டில் முறுக்கோடு வந்தாள். மார்க் எவ்வளவு, மாப்பிள்ளை எப்போது என்று இரண்டே கேள்விதான் கேட்பவள்.

"சர்வருக்கு இப்ப தேவலையா கண்ணு?"

ஆஸ்பத்திரியில் படுத்திருப்பவரை விசாரிக்கும் குரல்.

"இன்னும் இல்ல பெரியம்மா."

"சரியாப் பூடும். நீ ஒழுங்கா சாப்புடு."

ஆடிட்டரே போன் செய்தார். "கவலப்படாதம்மா. நான் எழுதுனப்பவும் ரெண்டு தடவ சர்வர் போயிடுச்சு."

அவர் சி.ஏ. முடித்து முப்பத்தைந்து வருடம் ஆகிறது. அப்போது சர்வர் ஏது என்று யோசிக்கக்கூட அவளுக்கு நேரமில்லை. எதிர்வீட்டு அபிதகுசாம்பாள் வாசலில் நின்று, சர்வருக்காக வேண்டிக்கொண்டதாகச் சொல்லிக்கொண்டிருந்தாள்.

சிவசங்கரி கடித்த முறுக்கைத் தட்டிலேயே வைத்தாள். இவ்வளவு நம்புகிறவர்களிடம் இவ்வளவு மட்டமான பொய். மணி நான்கரை. சிநேகிதியைப் பார்க்கப் போவதாகச் சொல்லி ஸ்கூட்டியை எடுத்தாள். அப்பா, எந்தச் சிநேகிதி என்று கேட்கவில்லை.

சேவூர் வரும்போதே தறிச் சத்தம் கேட்டது. செருப்போடு உள்ளே ஓடினாள்.

"அண்ணா, நிறுத்துங்க! நெய்யாதீங்க!"

பன்னீர்செல்வம் தறியை நிறுத்தினார்.

"நான் ஃபெயில்ண்ணா. மூணாவது தடவ. சர்வர்லாம் ஒண்ணும் ஆகல, நான்தான் பொய் சொன்னேன். அந்த சி.ஏ.வ மட்டும் எடுத்துடுங்க. அப்பாகிட்ட நானே சொல்லிடறேன்."

வாய்விட்டுச் சொன்னது அப்போதுதான். காதெல்லாம் சுட்டது.

அவர் தறியில் சுற்றியிருந்த துணியைக் கொஞ்சம் தளர்த்திக் காட்டினார். அரக்கு நிறத்தில் ஜரிகை மின்னியது. 'சிவசங்கரி.' அதற்குப் பக்கத்தில், இரண்டு எழுத்து வரவேண்டிய இடத்தில், இரண்டு அன்னப்பறவைகள்.

"இது எப்பண்ணா மாத்துனீங்க?"

"மத்தியானமே உங்கப்பா வந்து மாத்தச் சொல்லிட்டாரு. நீ எழுதிக் குடுத்த நம்பர் தப்பாம், சரியான நம்பர் அவருக்கு மனப்பாடமாம்" என்றார் பன்னீர்செல்வம். "ஜல்தியா வீட்டுக்குப் போய்ச் சொல்லும்மா, அவர் பேச்சக் கேட்டுகினு உங்க தெருவே அப்பத்துலேர்ந்து சர்வர் சர்வருன்னு கஷ்டப்பட்டு நடிச்சிகினு இருக்குது."