சிக்குவலையாரின் மஞ்சள் வயர்

“…மற்றதையெல்லாம் தொடுங்கோ, இழுங்கோ, தொங்கி ஊஞ்சலாடுங்கோ. இந்த மஞ்சள் வயரிலை மட்டும் கை வைக்கப்படாது. ஆயர் ஆண்டகையே வந்து கேட்டாலும் படாது!”

கலியாண மண்டபத்து மேசையில் இருந்த தன் பெட்டியைக் கையால் மறைத்துக்கொண்டு சிக்குவலையார் போட்ட சத்தம் இது.

மீன்பிடி ஊரான பேசாலையில் பிறந்து, ஒரு நாளும் கடலுக்குப் போகாமலே வலைக்குள் மாட்டிக்கொண்ட மனிதர் உலகத்தில் அவர் ஒருவர்தான். பெட்டி முழுக்க வயர். சிவப்பு, பச்சை, நீலம் என்று ஒரு துளையில் புறப்பட்டு இன்னொன்றில் நுழையும். கரையில் கிழிந்த வலை பொத்துகிறவர்கள் ஒருமுறை எட்டிப் பார்த்து, “இந்தச் சிக்கை எடுக்க ஒரு சோளகக் காத்துக் காலம் முழுக்க வேணும்” என்றார்கள். அன்றோடு அவருடைய ஞானஸ்நானப் பெயர் போயிற்று.

உண்மையில் அது ஒரு வாத்தியம். மின்சாரத்தில் இசை எழுப்பும் சிந்தசைசர். பாரிசிலிருக்கும் தங்கை துண்டு துண்டாக அனுப்பிய பாகங்களை, அலுமாரிக் கதவை அறுத்துச் செய்த பெட்டிக்குள் பூட்டியிருந்தார். அந்த அலுமாரிக்கு இப்போதும் கதவில்லை. அவருடைய மனைவி சேலையைக் கட்டி மறைத்திருக்கிறார்.

பெட்டியில் அழுத்தி வாசிக்கும் கட்டைகள் கிடையாது. திருகுவதற்கு எட்டுக் குமிழ், எட்டு விளக்கு. குமிழுக்கு ஒரு சுரம். விளக்கு ஒன்றிலிருந்து எட்டுவரை ஓடி மறுபடி ஒன்றுக்கு வரும். சுரங்களும் கூடவே ஓடும். இதற்குச் சீக்வென்சர் என்று பெயர்.

“ஏன் அண்ணை, எட்டுக்கு மேலை எண்ணத் தெரியாதோ அதுக்கு?” என்று கேட்டாள் மதிலுக்கு இந்தப் பக்கம் நின்ற என் மனைவி.

“கிழமைக்கு ஏழு நாள்தானே தங்கச்சி. எட்டாம் நாளைக் காணேல்லை எண்டு ஆராவது அழுகினமோ?”

ஒருநாள் காலை அந்த எட்டுச் சுரமும் எப்படியோ பாண் ரொட்டி விற்க வரும் ஓட்டோவின் பாட்டுப்போல அமைந்துவிட்டன. ஒழுங்கை முழுவதும் பையோடு வாசலுக்கு வந்து நின்றது. உண்மையான பாண்காரர் வருவதற்குள் எல்லோரும் ஏமாந்து உள்ளே போய்விட்டார்கள்; அவருடைய பாட்டை ஒருவரும் நம்பவில்லை. மனிதர் நேரே சிக்குவலையார் வீட்டுக்குப் போனார்.

“அண்ணை, ஒண்டில் நீங்கள் பாண் வில்லுங்கோ, இல்லையெண்டால் பாட்டை நிப்பாட்டுங்கோ.”

சிக்குவலையாருக்கு எதிரி என்று ஒரே ஒருவர்தான்: ஓகன் மரியதாஸ். ஓகன், அதாவது கீபோர்ட், வாசிப்பவர். பக்கத்து வீடு, பள்ளியில் ஒரே வகுப்பு, ஒரே இசைக்குழு. மரியதாஸ் புது ஓகன் வாங்கி, அதில் தயாராக இருக்கும் தாளத்தின் பட்டனை அமத்திய அன்று எல்லாம் முடிந்தது. “பட்டனை அமத்திப்போட்டுச் சிரிச்சுக்கொண்டு நிக்கிறது வாசிப்போ? லிப்டுக்குள்ளை நிக்கிறதுக்கும் இதுக்கும் என்ன வித்தியாசம்?” என்று இவர் மேடையிலேயே கேட்டுவிட்டார். அதன் பிறகு பூசையில் சமாதானம் சொல்லும் நேரத்தில் மட்டும் இருவரும் கும்பிட்டுக்கொள்வார்கள். அதுவும் ஆளுக்கொரு திசையைப் பார்த்து.

மஞ்சள் வயருக்கு வருகிறேன். இவ்வருடம் ஒரு பின்னேரம் அதை அவர் ஏதோவொரு துளையில் செருக, பெட்டி ஒரு மெட்டைப் பாடத் தொடங்கியது. அதுவரை அதிலிருந்து அப்படியொன்று வந்ததில்லை. என் மனைவி இடியப்பம் பிழிவதை நிறுத்திவிட்டு மதிலோரம் வந்து நின்றாள்.

“எப்பிடி அண்ணை செய்தனீங்கள்?”

“நான் எங்கை செய்தனான்? உப்புக்காத்து செய்தது. துளைக்குள்ளையும் வயர் முனையிலையும் துரு. கரண்டைக் கொஞ்சம் கொஞ்சமா விடுது. வயரைப் புடுங்கினால் துரு உதிரும், மெட்டும் போகும்.”

“போனிலை பதிஞ்சு வையுங்கோவன்.”

“அது போட்டோ, தங்கச்சி. ஆள் இல்லை.”

மரியதாசின் மகள் டிலானிக்குக் கலியாணம் வந்தது. “நான் உள்ளுக்கு வரேக்கை அப்பா வாசிக்கவேணும். கேக் வெட்டேக்கை பக்கத்து வீட்டு மாமாவின்ரை பெட்டி பாடவேணும்” என்று பிடிவாதமாக நின்றாள். ஓட்டோவில் சிக்குவலையார் பெட்டியை மடியில் வைத்து, முட்டைத் தட்டைப்போலக் கொண்டுவந்தார். மண்டபத்தில் மாப்பிள்ளைக்கு வைத்த மின்விசிறியைப் பெட்டிப் பக்கம் திருப்பினார். “மாப்பிள்ளை வேர்த்தால் துடைக்கலாம். இது வேர்த்தால் சுருதி மாறும்.”

கோயிலிலிருந்து கார் புறப்பட்டுவிட்டதாகச் சொன்னார்கள். மரியதாஸ் கட்டையில் கை வைத்தார். சத்தமில்லை. ஓகனிலிருந்து ஸ்பீக்கருக்குப் போகும் வயர் ஒரு கதிரையின் காலுக்கடியில் நசுங்கி அறுந்து கிடந்தது. அது இல்லாமல் ஓகன் ஊமை.

“ஆரிட்டையாவது நீட்டு வயர் இருக்கோ?” மரியதாஸ் சபையைப் பார்த்துக் கேட்டார், பெட்டிப் பக்கம் மட்டும் திரும்பவில்லை. சவுண்ட்ஸ்காரரிடமும் மேலதிகமாக ஒன்றில்லை, மன்னாருக்கு ஆள் அனுப்பவும் நேரமில்லை. சிக்குவலையார் பெட்டியில் மற்ற வயரெல்லாம் சாண் நீளம். நீளமானது ஒன்றே ஒன்று. சவுண்ட்ஸ்காரப் பெடியன் தயங்கித் தயங்கி அதைச் சுட்டிக் காட்டியபோதுதான், முதலில் நான் சொன்ன அந்தச் சத்தம் எழுந்தது.

பெடியன் கையை இழுத்துக்கொண்டான். வெளியே வெடி கொளுத்தினார்கள், கார் வந்துவிட்டது. மரியதாஸ் வேட்டித் தலைப்பால் ஓகனின் கட்டைகளைத் துடைத்தார். துடைக்க அங்கே ஒன்றுமில்லை.

சிக்குவலையார் அவரையே பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு மஞ்சள் வயரைப் பிடுங்கினார். எட்டு விளக்கும் சத்தமில்லாமல் ஓடின. மேடையேறி, துருப்பிடித்த முனையை ஓகனில் செருகினார்.

“வாசி மச்சான். அந்த லிப்ட் தாளத்தையும் போடு.”

டிலானி வாசலில் கால் வைத்தாள். துரு முனை, விட்டால் சத்தம் அறும். அதனால் மரியதாஸ் கடைசிச் சுரத்தை வாசித்து முடிக்கும்வரை சிக்குவலையார் ஓகனுக்குப் பின்னால் குனிந்து, வயரை விரலால் அமத்திப் பிடித்தபடியே நின்றார்.