லாமின் கடிதத்துக்கு நான் போட்ட ஆறரைப் புள்ளி

மோர்னிங்சைட்,
ரொறன்ரோ.
19 ஏப்ரல் 1997

அன்புள்ள மைத்துனர் யேசுரட்ணத்துக்கு,

உம்முடைய மாசி மாதக் கடிதம் பங்குனிக் கடைசியில் கைக்கு வந்தது. வத்தளையில் நீரும் பிள்ளைகளும் ஆண்டவருடைய காவலில் நலமாக இருப்பதை அறிந்து ஆறுதல் அடைந்தோம். இங்கு உமது தமக்கை றோஸ்மேரிக்கு முழங்கால் வலியும் எனக்கு மனவலியும் தவிர வேறு குறை இல்லை. முழங்காலுக்கு மருந்து இருக்கிறது.

"அத்தான், முப்பத்தொரு வருசம் இங்கிலிஷ் படிப்பிச்ச உங்களுக்குக் கனடா தண்ணி பட்ட பாடாயிருக்கும்" என்று எழுதியிருந்தீர். அந்த ஒரு வரிக்குப் பதில் எழுதத்தான் மூன்று கிழமையாகப் பேனையைத் திறந்து திறந்து மூடினேன். உமக்கு மறைத்து என்ன? இங்கே நான் இங்கிலிஷ் படிப்பிக்கவில்லை. படிக்கிறேன். அதுவும் மூன்றாம் படியில். மொத்தம் ஏழு படிகளாம். ஏழாம் படிக்காரர் ஒருவரையும் நான் இதுவரை கண்ணால் கண்டதில்லை.

இதற்கெல்லாம் காரணம் உமது மருமகள் அனோஜா. "அப்பா, வீட்டில இருந்து அம்மாவைத் திருத்திறதை விட்டிட்டு வெளியில நாலு பேரோட பழகுங்கோ. சும்மா ஒரு வகுப்பு. உங்களுக்கு ஈஸி" என்று சொல்லி, மார்க்கம் என்கிற பக்கத்து நகரத்தில் வேலைக்குப் போகிற வழியில் என்னை ஒரு பரீட்சை மண்டபத்தில் இறக்கிவிட்டுப் போனாள். இலக்கணத் தாளில் எனக்கு நூற்றுக்கு நூறு. ஆனால் அடுத்ததாக ஒலிநாடா ஒன்றைப் போட்டார்கள். அதில் ஒரு பெண் தான் வாடகைக்கு இருக்கும் வீட்டின் சொந்தக்காரருக்குத் தொலைபேசியில் பேசுகிறாள். நிலக்கீழ் அறைக்கு "வாடர்" வந்துவிட்டது, இரண்டு நாளாகப் போகவில்லை, படுக்கை எல்லாம் பாழ் என்கிறாள். வாடர் என்பவர் அழையாமல் வந்து தங்கிவிட்ட ஓர் உறவினர் என்றே நான் எடுத்துக்கொண்டேன். எங்களுடைய சனத்தில் அது நடக்காததா? வீட்டுச் சொந்தக்காரர் என்ன செய்யவேண்டும் என்ற கேள்விக்கு, "திரு. வாடரிடம் மரியாதையாகப் பேசி அவரை அனுப்பிவைக்க வேண்டும்" என்று ஒரு பிழையும் இல்லாத இங்கிலிஷில் எழுதினேன். தண்ணீருக்குத்தான் இந்த நாட்டில் அந்தப் பெயர் என்று பிறகு அனோஜா சொன்னாள். சொல்லிவிட்டுக் காரை ஓரமாக நிறுத்தி வைத்துச் சிரித்தாள். பெற்ற பிள்ளை.

வகுப்பு ஒரு தேவாலயத்தின் கீழ் மண்டபத்தில், செவ்வாயும் வியாழனும் காலை பத்து மணிக்கு. ஆசிரியையின் பெயர் டயான். வயது முப்பதுக்குள். பேசினால் சொல்லின் தலை கேட்கும், வால் கேட்காது. முதல்நாள் என் பெயரைப் பார்த்து மூச்செடுத்தாள், பிறகு, "நான் உங்களை நிக் என்று கூப்பிடட்டுமா?" என்றாள். எங்கள் தகப்பனார் கோயிலில் வைத்துச் சூட்டிய நீக்கிலாப்பிள்ளை அன்றோடு நிக் ஆனார். அந்த நிக்குக்குத் துணைவராக அவள் இருத்தியது லாம் என்கிற சீனரை. ஹொங்கொங்கில் துறைமுகத்தில் பாரம் தூக்கும் இயந்திரம் ஓட்டியவர், இங்கே சீன வெதுப்பகம் ஒன்றில் மா குழைக்கிறார். ஐம்பத்திரண்டு வயது. அவருடைய இங்கிலிஷை என்னவென்று எழுதுவேன், யேசுரட்ணம். வசனத்தில் வினைச்சொல் இருக்காது. "ஹீ" என்று தொடங்கிய ஆள் வசனம் முடிய முதல் "ஷீ" ஆகிவிடுவார். ஒன்று என்றாலும் பத்து என்றாலும் அவருக்குப் பெயர்ச்சொல் ஒன்றேதான். "எங்கட பாஷையில் இதெல்லாம் தேவையில்லை" என்று கைச்சாடையில் காட்டினார். தேவையில்லாமலா வெள்ளைக்காரன் இதையெல்லாம் வைத்திருக்கிறான் என்று நான் வீட்டிலிருந்து சிவப்புப் பேனையைக் கொண்டுபோனேன். அன்று தொடக்கம் அவரைத் திருத்தினேன். அவர் எழுத எழுதத் திருத்தினேன், வாய் திறந்தால் திறந்த வாக்கில் திருத்தினேன், ஒருநாள் அவர் தும்மிவிட்டுச் சொன்ன மன்னிப்பையும் திருத்தினேன். ஒவ்வொரு முறையும் தலையைக் குனிந்து, "தாங்கியூ, டீச்சர்" என்பார். வகுப்பிலே என்னை டீச்சர் என்று அழைத்தது அவர் ஒருவர்தான். அந்த மயக்கந்தான் பிறகு நடந்ததற்கெல்லாம் காரணம்.

பங்குனி பதினோராம் திகதி, செவ்வாய்க்கிழமை. அதற்கு முந்திய வகுப்பில் டயான் ஏதோ வீட்டுவேலை தந்திருந்தாள். எனக்குக் கேட்டது "கடிதம்", "எழுது", "துணைவர்" என்ற மூன்று சொற்கள். ஆளுக்கொரு கடிதம் புனைந்து எழுதி, துணைவரைக் கொண்டு திருத்துவிக்க வேண்டும் என்று விளங்கிக்கொண்டேன். முப்பத்தொரு வருடம் நான் பிள்ளைகளுக்குக் கொடுத்த வேலை அல்லவா? பக்கத்தில் கேட்டிருக்கலாம். மூன்றாம் படியில் இருக்கும் ஆளிடம் நான் போய்க் கேட்பதா?

லாம் தன் கொப்பியைத் திறந்து என் முன்னே வைத்தார். குண்டு குண்டான எழுத்தில் ஒரு கடிதம். "நீர் செய்த விண்ணப்பம் நிராகரிக்கப்பட்டது என்பதை வருத்தத்துடன் அறியத்தருகிறோம்" என்று தொடங்கியது. படிவத்தில் தந்த விபரங்களின்படி இந்தத் திருமணத்தை ஏற்க இயலாது, ஆட்சேபம் இருந்தால் இது கிடைத்து முப்பது நாட்களுக்குள் மேன்முறையீடு செய்யவேண்டும் என்று போனது. நான் அசந்துவிட்டேன். நேற்றுவரை வினைச்சொல் இல்லாமல் இருந்த மனுசன் இப்படி எழுதுகிறாரே!

"நீரே எழுதினது?" என்று கேட்டேன்.

"யெஸ். ஐ றைற்" என்றார். பிறகு வரிகளின் மேல் விரலை வைத்து, "திஸ் மை வைஃப்" என்றார்.

"வினைச்சொல் எங்கே?" என்றேன்.

சிறிது யோசித்து, "திஸ் இஸ் மை வைஃப்" என்றார்.

"பிழை. இது கடிதம். கடிதம் எப்படி மனைவியாகும்? இது என் மனைவியைப் பற்றியது என்று சொல்லவேண்டும்."

அதை அப்படியே எழுதிக்கொண்டார். பிறகு, "வட் டே?" என்று கேட்டார். எந்த நாள் கடைசி என்று அந்த மனுசன் கேட்டிருக்கிறார். நான் அந்தக் கேள்வியையும் முழு வசனமாக்கிக் கொடுத்துவிட்டு, "செவ்வாய்க்கிழமை" என்று பதில் சொன்னேன். பிறகு சிவப்புப் பேனையை எடுத்தேன். எந்த விபரம் என்று சொல்லாததற்கு அரைப் புள்ளி வெட்டினேன். செயப்பாட்டு வினை அளவுக்கு மிஞ்சியதற்கு ஒன்று. மீதியைத் தொனிக்காக வெட்டி, அடியிலே, "நடை நன்று. ஆனால் எழுதுபவருக்கு இரக்கம் இல்லை" என்று எழுதி, பத்துக்கு ஆறரை போட்டுக் கையொப்பமும் வைத்தேன். லாம் அந்த ஆறரையைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். அவருடைய முகம் அப்படியே மலர்ந்தது. "பாஸ்?" என்றார். "பாஸ், பாஸ்" என்று முதுகில் தட்டினேன்.

அது குடிவரவு அலுவலகத்திலிருந்து அவருக்கு வந்த நிசக் கடிதம், யேசுரட்ணம். வீட்டுக்கு வந்த ஏதாவதொரு கடிதத்தைக் கொப்பியில் பார்த்து எழுதிக்கொண்டு வாருங்கள், துணைவரோடு சேர்ந்து வாசித்து விளங்கிக்கொள்ளுங்கள் என்றுதான் டயான் சொல்லியிருக்கிறாள். வினைச்சொல் இல்லாத சீனருக்கு அது விளங்கியது. எனக்கு விளங்கவில்லை. அவருடைய பெண்சாதி சீனாவில் இருந்துகொண்டு இங்கே வரக் காத்திருக்கிறாள். டீச்சர் பார்த்துப் பாதிக்கு மேல் புள்ளி போட்டுவிட்டார், ஆகவே காரியம் சரி என்று நம்பி, மனுசன் அவளுக்குத் தொலைபேசியில், "உடுப்பு அடுக்கத் தொடங்கு" என்றும் சொல்லிவிட்டார்.

பாடசாலை விடுமுறை போனது, பெரிய வெள்ளியும் உயிர்த்த ஞாயிறும் போனது. ஏப்ரல் மூன்றாம் திகதி வியாழக்கிழமை டயான் திருத்திய கொப்பிகளைக் கொண்டுவந்தாள். லாமின் கொப்பியைத் திறந்தபடியே எங்கள் மேசைக்கு வந்தாள். "இந்தச் சிவப்பு யாருடையது?" என்று கேட்டாள். அன்று அவளுடைய ஒவ்வொரு சொல்லும் தலை முதல் வால் வரை எனக்குத் தெளிவாகக் கேட்டது. அவள் லாமுக்குப் பக்கத்தில் குந்தியிருந்து மெதுவாக விளங்கப்படுத்தினாள். லாம் விரல்விட்டு எண்ணினார். இரண்டு முறை எண்ணினார். கடிதம் கிடைத்தது பங்குனி ஐந்து. "டுமோறோ" என்றார், எனக்கு அல்ல, தன் கைக்கு. பிறகு என் பக்கம் திரும்பினார். ஏசப்போகிறார் என்று நான் தலையைக் கொடுத்துக்கொண்டு நின்றேன். "டீச்சர் பிஸி" என்று மட்டும் சொன்னார். அடித்திருந்தால் ஆறியிருக்கும்.

அன்று பின்னேரமே டயானும் லாமும் நானும் இருந்து மேன்முறையீட்டுப் பத்திரத்தை நிரப்பினோம். மறுநாள் வெள்ளிக்கிழமை, பாவத்துக்குப் பரிகாரமாக நானும் லாமோடு புறப்பட்டேன். பஸ் ஏறி, சப்வே ஏறி, ஏப்ரல் மாதத்தில் கொட்டிய பனிக்குள் ஒரு சப்பாத்தைத் தொலைத்து, நகர மத்திக்குப் போய்ச் சேர்ந்தோம். "நான் பேசுறன், நீர் சும்மா நில்லும்" என்று லாமுக்குச் சொல்லிவிட்டு, கண்ணாடிக்குப் பின்னால் இருந்த பெண்ணிடம், பிரபுக்கள் சபையில் பேசுவதுபோல, "தங்கள் மேலான கவனத்துக்கு ஒரு விடயத்தைச் சமர்ப்பிக்கும் பெரும்பேறு" என்று இங்கிலிஷில் தொடங்கினேன். அவள், "என்ன?" என்றாள். மறுபடி தொடங்கினேன், இன்னும் உயர்ந்த நடையில். அவள் லாமைப் பார்த்து, என்னைக் காட்டி, "இவருக்கு மொழிபெயர்ப்பாளர் தேவையா? என்ன பாஷை?" என்று கேட்டாள்.

லாம் என்னை மெதுவாக ஒதுக்கிவிட்டு முன்னே வந்தார். "மை வைஃப். யூ சே நோ. ஐ சே யூ றோங். டுடே லாஸ்ற் டே" என்றார்.

ஒரு வசனத்திலும் இலக்கணம் இல்லை. அவளுக்கு ஒன்றும் விளங்காமல் போகவுமில்லை. பத்திரத்தை வாங்கினாள், திகதி முத்திரையைக் குத்தினாள், "குட் லக், சேர்" என்று அவருக்குச் சொன்னாள். விசாரணைக்கு அடுத்த வருடமாகுமாம். திரும்பி வரும் வழியெல்லாம் லாம் எனக்கு ஒரு கையால் குடை பிடித்தார். உடுப்பு அடுக்கியவளுக்கு இனி என்ன சொல்வாரோ, ஆண்டவருக்குத்தான் வெளிச்சம்.

அடுத்த கிழமை லாமை நாலாம் படிக்கு ஏற்றினார்கள். எனக்கு டயான் எழுதிய குறிப்பு: "இலக்கணம் மிகச் சிறப்பு. மற்றவர் சொல்வதைக் கேட்பதில்லை." வீட்டில் அதை றோஸ்மேரிக்கு வாசித்துக் காட்டினேன். "இதைக் கண்டுபிடிக்க அந்தப் பிள்ளைக்கு ஆறு மாதம். எனக்கு முப்பத்தைஞ்சு வருசம் எடுத்தது" என்றாள் உமது தமக்கை.

நான் வகுப்பை விட்டு விலகினேன். காற்புள்ளி ஒன்றும் பிசகாத இங்கிலிஷில் இரண்டு பக்கத்துக்கு விலகல் கடிதம் எழுதிக் கொடுத்தேன். டயானுக்கு அது நன்றாகப் பிடித்துவிட்டதாம். பெயரை வெட்டி, பிரதி எடுத்து, மூன்றாம் படிக்கு வாசித்து விளங்கும் பயிற்சியாகக் கொடுத்திருக்கிறாள். அந்த வகுப்பில் இருக்கிற மங்கையற்கரசி என்கிற எங்கட பிள்ளை, "அங்கிள், இது உங்கட எண்டு பார்த்தவுடன தெரிஞ்சுது" என்று தாளைக் கொண்டுவந்து காட்டினாள். அடியிலே ஐந்து கேள்வி. முதலாவது, இதை எழுதியவர் ஏன் கோபமாக இருக்கிறார்? அவள் எழுதியிருந்த விடை, "அவருக்கே தெரியாது." அதற்கு டயான் சரி போட்டிருந்தாள்.

ஆகவே யேசுரட்ணம், உமது பிள்ளைகளுக்கு இங்கிலிஷ் இலக்கணம் படிப்பிக்க ஆள் தேடுவதாக எழுதியிருந்தீரே, தேடாதேயும். முப்பத்தொரு வருடமாக நான் எத்தனை பிள்ளைகளின் கொப்பியில் சிவப்பால் கோடிழுத்தேன். அதிலே என்ன எழுதியிருந்தார்கள் என்று ஒன்றாவது ஞாபகம் வருகிறதா என்று படுத்திருந்து யோசித்தேன். வரவில்லை. பிழைகள் மட்டுந்தான் ஞாபகம். தாய் செத்ததை எழுதின பிள்ளைக்கும் புள்ளிதான் போட்டிருப்பேன். இலக்கணத்தால் உலகத்தில் ஒருவருக்கும் ஒரு சதத்துக்குப் பிரயோசனம் இல்லை. அந்தச் சிவப்புப் பேனையைக் குப்பையில் போட்டுவிட்டேன். இனி ஒரு மனுசனுடைய ஒரு சொல்லையும் திருத்துவதில்லை என்று மடு மாதாவின் பேரில் சத்தியம் செய்திருக்கிறேன்.

பிள்ளைகளுக்கு எங்கள் முத்தங்கள். வீட்டுவாசலில் சமாதானம் நிற்கவும், உமது சம்சாரத்தின் ஆஸ்துமா குறையவும், சோதனைச் சாவடிகளில் உம்மை மறிக்கிறவர்களுக்கு நல்ல புத்தி வரவும் செபமாலையில் உங்கள் எல்லாரையும் நினைத்துக்கொள்கிறோம்.

இப்படிக்கு,
என்றும் உமது அன்புள்ள அத்தான்,
ச. நீக்கிலாப்பிள்ளை

பி.கு.: உறையை ஒட்டப்போகையில் கதவு தட்டிக் கேட்டது. லாம். குடிவரவுக்குத் தான் அனுப்பிய படிவத்தின் பிரதியைக் கொண்டுவந்திருக்கிறார், எந்தச் சொல் பிழை என்று பார்க்கட்டாம். முன்பு திருமணம் செய்தவரா என்ற கேள்விக்கு, "ஐ ஹாவ் வைஃப் இன் ஹொங்கொங்" என்று தன் குண்டு எழுத்தில் எழுதியிருக்கிறார். நான் பதறிப்போய், "உமக்கு அங்கேயும் ஒரு பெண்சாதியோ?" என்றேன். "ஷீ டை" என்றார். எண்பத்தெட்டாம் ஆண்டில், வயிற்றில் கட்டி வந்து. "ஹாவ்" என்று எழுதியதால் அவள் இன்னும் உயிரோடிருக்கிறாள் என்று அவர்கள் எடுத்துக்கொண்டார்கள், "ஹாட்" என்று எழுதியிருந்தால் இந்த வில்லங்கம் ஒன்றும் வந்திராது என்று விளங்கப்படுத்தினேன். ஒரேயொரு சொல், யேசுரட்ணம். நிகழ்காலத்துக்கும் இறந்தகாலத்துக்கும் உள்ள வித்தியாசம். செவ்வாய்க்கிழமை தொடக்கம் விசாரணை முடியும்வரை ஒவ்வொரு நாளும் காலை பத்து மணிக்கு வரச் சொல்லியிருக்கிறேன். ஆகவே இலக்கணத்தைப் பற்றி மேலே எழுதிய பந்தியை நீரே வெட்டிவிட்டு வாசியும். பிள்ளைகளுக்கு உடனே ஆள் பிடியும். எனக்கு வெட்ட நேரமில்லை, லாம் மேசையில் இருக்கிறார். "ஹாட் எண்டால் முடிஞ்சுது எண்டோ? செத்தாப்போல அவள் என்ர மனுசி இல்லையோ?" என்று கைச்சாடையில் பாதியும் இங்கிலிஷில் பாதியுமாகக் கேட்டார். இலக்கணத்தில் அதற்கு விடை இல்லை. விசாரணைக்காரருக்கு மட்டும் அப்படி எழுதும் என்று சொல்லி, கொப்பியில் ஒருமுறை எழுதிப் பார்க்கச் சொன்னேன். கால் மணித்தியாலம் ஆகிறது. பேனையைப் பிடித்தபடி இருக்கிறார். இன்னும் எழுதவில்லை.