இட்டுநிரப்பியார் புறமுதுகை வென்ற வரலாறு

மௌனங்களின் கூற்றுவனே, வாயசைவுகளின் வல்லரசே, சித்திரச் சிறுவர்கள் எத்தனை நூறு பேர் கடல் தாண்டி வந்தாலும் அத்தனை பேருக்கும் ஒரே கீச்சுக்குரலை வாரி வழங்கிய வள்ளலே, குளிரூட்டிய அறையில் மப்ளர் சுற்றி வீற்றிருக்கும் வேந்தே, வாழி. உன் வெற்றிகளைச் சொல்லப் புகுந்தோம். கேட்போர் செவிகள் தப்பிப் பிழைக்கட்டும்.

அவர் ஜப்பானிய அனிமேஷன் படங்களைத் தமிழ் பேசவைக்கும் டப்பிங் இயக்குநர். பெற்றோர் வைத்த பெயர் ஒன்று உண்டு; ஒலிப்பதிவுக் கூடத்தில் அது வழக்கொழிந்து வெகுகாலமாகிறது. இட்டுநிரப்பியார் என்பதே அவருக்குத் தொழில் ஈட்டித்தந்த விருதுப்பெயர். படத்தில் யாராவது சும்மா இருந்தால் அவருக்கு மூச்சு முட்டும். ஒரு சிறுமி சன்னலோரம் நின்று மழையைப் பார்த்தால், "ஐயோ, மழை பெய்யுதே" என்று அவளைச் சொல்லவைப்பார். மழை பெய்வது கண் உள்ள எவருக்கும் தெரியுமோ என்ற சிறு சந்தேகம் அந்த மாமலையின் அடிவாரத்தைக்கூட எட்டியதில்லை.

அவர் முன்னாளில் வென்ற களங்கள் பல. கோடைக்கால வயலில் பூச்சிகள் இரைவதை ஒலிநாடாவின் பழுது என்று கண்டுபிடித்து, ஒரு பூச்சி மிச்சமில்லாமல் துடைத்தெறிந்து, அங்கே முரசு அடிக்கவைத்தவர் அவர். வாய் நிறைய அழைக்கும்படி நீளமான பெயர்களோடு வந்த நாயகியர் அனைவருக்கும் பிங்கி என்று பெயர் சூட்டியவரும் அவரே. ஜப்பானிய மூலம் அவர் கைக்கு வருவதில்லை. அதன் ஆங்கில வசனமே வரும். அதிலிருந்துதான் தமிழ் எடுக்கப்படும். ஜப்பானியத்திலும் மரியாதைச் சொல் உண்டு, தமிழிலும் உண்டு. நடுவில் கிடந்த ஆங்கிலத்தில் எல்லோருக்கும் ஒரே 'யூ'. ஆகவே ஏழு வயதுச் சிறுமி ஒருத்தி தன் தலைமையாசிரியரைப் பார்த்து, "நீ சொல்றது எனக்குப் புரியல" என்று முழங்கினாள். தலைமையாசிரியர் திருப்பி வணங்கினார். சித்திரத்தில் அவர் வணங்குவதாகத்தான் வரைந்திருந்தார்கள், பாவம்.

இத்தகைய மாவீரரின் முன் ஒரு நாள் ஒரு சிறிய படம் வந்து நின்றது.

குடை பழுதுபார்க்கும் ஒருவரும் அவர் மகளும் அதில் இருக்கிறார்கள். ஒரு காலையில் அந்த வீட்டு அம்மா காலணி மாட்டிக்கொண்டு, "நான் போறேன்" என்று சொல்லிப் போனவள், திரும்பி வரவில்லை. அன்றிலிருந்து மகள் வாசலைத் தாண்டும்போது எதுவும் சொல்வதில்லை. அப்பாவும் கேட்பதில்லை. தினமும் காலையில் வாசலுக்கு முதுகு காட்டி உட்கார்ந்து, குடைக்கம்பியை நிமிர்த்திக்கொண்டே, காதை மட்டும் வாசலில் வைத்திருக்கிறார். படம் முடியும் காலையில் அவள் காலணி நாடாவைக் கட்டி எழுந்து, ஒரே ஒரு சொல் சொல்லிவிட்டுக் கிளம்புகிறாள். அவர் திரும்பிப் பார்ப்பதில்லை. கை மட்டும் கம்பியில் நின்றுவிடுகிறது. அவ்வளவுதான் படம்.

அந்தச் சொல் இத்தெகிமஸ். ஜப்பானியர் வீட்டிலிருந்து கிளம்பும்போது வழக்கமாகச் சொல்வது. அதைப் பிரித்தால் முன்பாதியில் போவது இருக்கிறது, பின்பாதியில் வருவது இருக்கிறது. நாம் வாசலில் நின்று அன்றாடம் சொல்லும் 'போயிட்டு வரேன்' எலும்பு மாறாமல் அதுவே. இடையில் நின்ற ஆங்கிலத்துக்கோ போகத் தெரியும், வரத் தெரியாது. அது 'பை, டாடி' என்று எழுதி அனுப்பியிருந்தது. வருவேன் என்று அவள் சொல்வதற்காகப் படம் முழுக்கக் காத்திருந்த ஒருவரிடம், போகிறேன் என்று சொல்லிவிட்டுப் போகச்சொன்னது.

இதைக் கண்டு நெஞ்சு பதைத்தவள் வசனம் எழுதிய மொழிபெயர்ப்பாளர். தானாகவே ஜப்பானிய மொழி கற்றவள். அந்தக் குற்றத்துக்காகக் கூடம் முழுவதும் அவளை ஜப்பான் என்றே அழைத்தது. இந்த ஒற்றைச் சொல்லைச் சரியாகச் சொல்லவைப்பதற்காகவே இந்தப் படத்தைக் கேட்டு வாங்கியிருந்தாள். மற்ற காட்சிகளில் வேந்தர் எங்கே பூச்சியை ஒழித்தாலும், எவருக்குப் பிங்கி என்று பெயரிட்டாலும், உதட்டைக் கடித்துக்கொண்டு விட்டுக்கொடுத்து, தன் படை முழுவதையும் அந்த வாசற்படியில் கொண்டுவந்து நிறுத்தினாள். படை என்பது ஒரு பென்சில். அதைக்கொண்டு 'பை டாடி'யை அடித்துவிட்டு, மேலே 'போயிட்டு வரேன்' என்று எழுதினாள்.

அடித்தல் கண்டார் அண்ணல். கண் சிவந்தது, மப்ளர் அவிழ்ந்தது, பிளாஸ்டிக் நாற்காலி பின்னோக்கி இரண்டு அடி ஓடிற்று.

"ஏம்மா ஜப்பான், இது என்ன நம்ம வீட்டுப் பேச்சு? அது ஃபாரின் பொண்ணு. பைதான் சொல்லும்."

அந்த ஃபாரினில் பை சொல்வதில்லை என்று அவள் தரையைப் பார்த்துச் சொன்னாள்.

"ஃபாரின்னா ஃபாரின்தான். எல்லாம் கடல் தாண்டித்தான இருக்கு."

இவ்வாறு உலகப்படத்தை ஒரே வீச்சில் சுருட்டி மடியில் செருகிக்கொண்டு, அவர் போரைத் தொடங்கினார்.

கண்ணாடிக்கு அப்பால் மைக்கின் முன் நின்றவர் குழந்தை அக்கா. மூட்டுவலித் தைலம் மணக்க வருவார்; வாய் திறந்தால் பால்பல் விழாத குரல் வரும். படம் ஓடியது. சிறுமி நிமிர்ந்தாள். அக்கா "பை டாடி" என்றார். சிறுமியின் வாயோ ஐந்து முறை அசைந்தது. மூன்றில் குரல் தீர்ந்துபோக, மிச்சத்துக்கு அவள் தொட்டிமீன் போல வெறுமனே வாயைத் திறந்து மூடினாள்.

முதல் அம்பு முறிந்தால் கலங்குபவரா நம் கோமான். "பை பை டாடி" என்னும் இரட்டைக்கணையைத் தொடுத்தார். இரண்டாவது பை உதடு ஒட்டாமல் வராது; திரையிலோ அந்த இடத்தில் உதடு பிரிந்தே இருந்தது. "ஓகே பை டாடி" பாய்ந்தது, வீழ்ந்தது. "டாட்டா டாடி டாட்டா" என்னும் மும்மத வேழம் பிளிறிப் புறப்பட்டு, சிறுமி கதவைச் சாத்திய பிறகும் சந்தில் ஓடிக்கொண்டிருந்தது. டேக் மேல் டேக் செத்து விழுந்தது. சவுண்டு என்று அழைக்கப்படும் ஒலிப்பொறியாளர், பிணம் அகற்றுபவரின் முகபாவத்தோடு ஒவ்வொன்றாக அழித்துக்கொண்டிருந்தார்.

கடைசியில் அக்கா ஹெட்போனைக் கழற்றினார். "சார், அஞ்சு வாய்க்கு மூணு வாய் சோறுதான் குடுக்கறீங்க. புள்ள பசியில வெறும் வாய மெல்லுது."

வெகுண்டார் வேந்தர். சொல்லித்தரத் தானே மைக் அறைக்குள் புகுந்தார். அக்காவை ஓரமாக நிறுத்தி, மார்பை விரித்து, பை என்பதை எப்படி இழுக்க வேண்டும், டாடி என்பதில் எங்கே விம்ம வேண்டும் என்று விளக்க வாயெடுத்த அந்த முகூர்த்தத்தில், சட்டைப்பையில் கைபேசி அதிர்ந்தது. எடுத்துப் பார்த்தார். முகம் மாறியது. அழைத்தவர் அவர் மனைவி. எமனுக்கும் காத்திருக்கச் சொல்லி ஆணையிடக்கூடிய அந்த வீரர், இந்த அழைப்பை மட்டும் இரண்டாம் மணிக்கு விட்டதில்லை.

"இருங்க," என்று கதவை நோக்கி விரைந்தவர், திறந்திருந்த மைக்கின் முன்னால் சொல்லிவிட்டுப் போனார்: "போயிட்டு வரேன்."

கூடத்தில் மூவர் இருந்தனர். மூவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொள்ளவில்லை. சவுண்டு மட்டும் பதிவை நிறுத்தாமல் விட்டிருந்ததை இப்போது கவனித்து, அந்தத் துண்டை வெட்டி, சிறுமியின் வாயில் வைத்தார்.

வேந்தர் திரும்பி வந்தபோது திரையில் மாம்பழக் கன்னமும் குதிரைவால் சடையுமாக நின்ற சிறுமி, புகையிலைக் கிடங்கைப் போன்ற கட்டைக்குரலில், "போயிட்டு வரேன்" என்றாள். ஐந்து அசைவுக்கு ஐந்து. ஒரு மயிரிழை முன்னும் இல்லை, பின்னும் இல்லை. உறைக்குள் வாள் இறங்கியதுபோல் இறங்கிற்று.

"யார் குரல்யா இது?"

"உங்களுதுதான் சார்."

நெடுநேரம் தன் குரலையே மறுபடி மறுபடி போடச்சொல்லிக் கேட்டார் அவர். கண் கசிந்தது. பொருள் புரிந்ததாலோ என்று ஐயுற வேண்டாம்; தன் நிழலைக் கிணற்றில் கண்ட சிங்கத்துக்கு நேர்ந்ததைப் போன்ற ஒன்றுதான் நேர்ந்தது, ஆனால் இந்தச் சிங்கத்துக்குக் கிணற்றில் இருந்ததைப் பிடித்துப்போயிற்று.

"அதான பார்த்தேன். வாயசைவுக்கு சிங்க்குனா இது சிங்க்கு. காலையிலேருந்து இதத்தான் நான் தேடிக்கிட்டிருக்கேன். அக்கா, நான் சொன்ன மாதிரியே சொல்லுங்க."

அக்கா ஒரே டேக்கில் சொன்னார். அலட்டலில்லை, விம்மலில்லை. பால் வாங்கக் கிளம்புகிற குழந்தை சொல்வதுபோல் இருந்தது. ஜப்பான் மூலையில் நின்று பென்சிலைக் கடித்தாள். வாசற்படி காப்பாற்றப்பட்டது என்று நம்பினாள். வெற்றி முரசு கொட்டியிருக்க வேண்டிய இடம்.

ஆனால் கொள்ளையில்லாமல் வீடு திரும்பும் மன்னர் உண்டா. காட்சியை இன்னொரு முறை ஓட்டச்சொன்ன அவர் விழிகள், சிறுமி குனிந்து நாடா கட்டும் இடத்தில் சட்டென்று அகன்றன. அங்கே அப்பாவின் முதுகு தெரிந்தது. பரந்த, பழுப்புநிற, வாயற்ற முதுகு.

புறமுதுகு காட்டியவரைத் தாக்காதிருப்பது பழைய வீரர்களின் அறம். நம் வீரர் புறமுதுகு காட்டியவரை மட்டுமே தாக்குவார். டப்பிங் கலையில் முதுகென்பது வேலியில்லாத காலிமனை. வாய் தெரியாத இடத்தில் வாயசைவுக் கணக்கு இல்லை. கணக்கில்லாத இடத்தில் எவ்வளவு வேண்டுமானாலும் கட்டிடம் எழுப்பலாம்.

"இந்த அப்பா ஏன் ஊமை மாதிரி உட்கார்ந்திருக்காரு?"

படமே அதுதான் என்றாள் ஜப்பான். மூன்று விதமாகச் சொல்லிப் பார்த்தாள். மூன்றும் மப்ளரில் பட்டு உதிர்ந்தன. அப்பாவுக்குக் குரல் கொடுக்க ஆளை அழைக்கவில்லையே என்று சவுண்டு ஒரு முட்டுக்கட்டை போட்டுப்பார்த்தார். அதற்குள் அண்ணல் மைக் அறைக்குள் நின்றிருந்தார். காகிதம் தேவைப்படவில்லை. ஊற்றுக்கண் உள்ளேயே இருந்தது.

"பிங்கி... என் உசுரே. உங்கம்மாவும் இதே வாசல்லதான் போனா. குடை கிழிஞ்சா தைக்கலாம் பிங்கி. மனசு கிழிஞ்சா? சொல்லு பிங்கி, மனசு கிழிஞ்சா எந்த நூலால தைக்கிறது?"

நாடா கட்டி முடிந்தது. முதுகு நிற்கவில்லை. சிறுமி எழுந்தாள். முதுகு குடையிலிருந்து வானவில்லுக்குத் தாவி, வானவில்லிலிருந்து கண்ணீருக்கு இறங்கிக்கொண்டிருந்தது.

ஜப்பான், அதுவரை தரையைப் பார்த்தே பேசியவள், நிமிர்ந்து கண்ணாடியில் தட்டினாள். "சார், அவ சொல்ற வரைக்குமாவது நிறுத்துங்க. அதைக் கேட்கத்தான் அவர் உட்கார்ந்திருக்கார்."

வேந்தர் அவளைப் பரிவோடு பார்த்தார். "கேட்டுக்கிட்டே பேசலாம்மா. நான் வீட்ல அப்படித்தான்." பிறகு சவுண்டின் கன்சோல் பக்கம் திரும்பி இறுதி ஆணையைப் பிறப்பித்தார். "சவுண்டு, பாப்பா குரலைக் கொஞ்சம் இறக்கு. அப்பா எமோஷன்ல இருக்காரு."

குரல் இறக்கப்பட்டது. முரசு ஏற்றப்பட்டது. வயலின் ஏற்றப்பட்டது. கம்பியில் நின்றுபோன அந்தக் கையின் மேல் ஒரு விம்மல் வைத்து மூடப்பட்டது. இவ்வாறாக, வாய் காட்டாத பகைவனைப் பின்னாலிருந்து வளைத்து, மகள் சொல்லுக்காகக் காத்திருந்த ஒரு தகப்பனைத் தன் சொல்லால் முக்கி மூழ்கடித்து, படத்தின் தொடக்க எழுத்துகளில் தன் பெயரும் முடிவு எழுத்துகளில் தன் நன்றியுரையும் பொறித்து, வீடுதோறும் தொலைக்காட்சிதோறும் வெற்றிக்கொடி நாட்டி, பார்த்த உறவினர் அனைவரையும் அந்த முதுகு ரொம்ப நன்றாகப் பேசியது என்று சொல்லவைத்து, மௌனம் என்னும் பகை இனி இப்புவியில் தலைதூக்காவண்ணம் வேரறுத்து, மப்ளர் காற்றில் படபடக்க நின்றார் இட்டுநிரப்பியார்.

ஹெட்போன் மாட்டிக்கொண்டு கேட்டால் 'போயிட்டு வரேன்' லேசாகக் கேட்கிறது.