கொஞ்சம் கூட்டி வைப்பவர்

நன்றாக நடந்துகொண்டிருக்கும் வேலையில் கை வைக்காமல் இருக்கத் தெரியாத மனிதரை எப்படி அடக்குவது? இந்தக் கதையைக் கேள்விப்படும் முன் கேட்டிருந்தால் எனக்கு விடை தெரிந்திருக்காது.

இவர்கள் தனி இனம். 'கொஞ்சம் கூட்டி வைப்பவர்கள்' என்று பெயர் வைக்கலாம். நீங்களும் பார்த்திருப்பீர்கள். லிஃப்ட் பொத்தானில் விளக்கு எரிந்துகொண்டிருக்கும்போதே அதை மறுபடி மறுபடி அமுக்குவார், அடுத்தவர் அடுப்பில் தீயை ஏற்றுவார், பக்கத்து மேசைக்காரர் குளிரில் நடுங்க, மின்விசிறியை முழு வேகத்தில் சுழல விடுவார், கேட்டால், "கொஞ்சம்தானே கூட்டினேன்?" என்பார். கொஞ்சம்தான். மலையும் கொஞ்சம் கொஞ்சமாகத்தான் சரிகிறது.

எனக்குத் தெரிந்த கெமிஸ்ட் பெண் ஒருத்திக்கு வாய்த்தவர் சொந்த அக்காவின் கணவர். முதலாளியும் அவரே. திட்டவும் முடியாது, தள்ளவும் முடியாது. கடற்பாசியை வேகவைத்து வடித்த சாற்றிலிருந்து அரிய சர்க்கரை ஒன்றை எடுப்பது அவள் வேலை. நாக்குக்கு இனிக்கும், உடம்பில் அவ்வளவாகச் சேராது. சாற்றிலுள்ள சாதாரணச் சர்க்கரையை அப்படி மாற்றுவது நொதி, அதாவது என்சைம். அந்த நொதியை மிளகளவு மணிகளுக்குள் பிடித்துவைத்து, கண்ணாடிக் குழாயில் நிரப்பியிருந்தாள். சாறு மேலிருந்து மெல்ல இறங்கும். நொதி இருந்த இடத்தைவிட்டு நகராமலே வேலையை முடிக்கும். இருந்த இடத்திலிருந்தே வேலை பார்க்கும் எதையும் கண்டால் அத்தானுக்கு ஆகாது.

"ஏம்மா, இது சொட்டுதா, அழுவுதா?"

"இப்படித்தான் அத்தான் போகணும். வேகமா விட்டா சர்க்கரை மாறாமலே வெளியே வந்துடும்."

"அப்ப சூட்டைக் கொஞ்சம் கூட்டுவோம்!"

"நொதி வெந்துடும் அத்தான். முட்டை மாதிரி."

"நீ எதுக்கெடுத்தாலும் பயப்படறே."

அவள் கை கழுவிவிட்டு வருவதற்குள் கூட்டிவிட்டார். குழாயிலிருந்த நொதி முழுக்கச் செத்தது. கையில் மிச்சமிருந்த மணிகள் இன்னும் ஒரே ஒரு குழாய்க்குத்தான் காணும். சர்க்கரை வாங்க நினைத்த வியாபாரி மறுநாள் ருசி பார்க்க வருகிறார். அவர் உதட்டைப் பிதுக்கினால் அவள் வேலை பார்க்கும் அறை கிடங்காகிவிடும். அவள் வேறு வேலை தேட வேண்டியதுதான்.

அக்காவிடம் ஓடினாள். "அக்கா, நாளைக்கு வரைக்கும் அவரை உள்ளே வரவேண்டாம்னு சொல்லேன்!"

அக்கா சிரித்தாள். "சும்மா இருங்கன்னு சொல்லி அவர்கிட்ட யாருடி ஜெயிச்சா? சமையல்கட்டுல அவருக்குன்னு ஒரு ஓட்டை ரேடியோ வெச்சிருக்கேன். அதைத் திருகிக்கிட்டே நிப்பார், என் அடுப்பு தப்பிச்சுது. நீயும் அந்தக் கைக்கு ஏதாவது கொடு."

கெமிஸ்ட் யோசித்தாள். மிச்சமிருந்த மணிகளைக் குழாயில் நிரப்பினாள். சூட்டுக்கும் பம்ப்புக்குமான நிஜத் திருகுகளை அலமாரிக்குள் மாற்றிப் பூட்டினாள். குழாய்க்குப் பக்கத்தில் ஒரு பெட்டியை வைத்தாள். அதில் பெரிய கறுப்புத் திருகு, ஒரு சிவப்பு விளக்கு. ஒயர் மேசைக்குப் பின்னால் இறங்கி, அங்கேயே முடிந்துவிடும்.

"அத்தான், இது உங்க பொறுப்பு. வேற யாரும் தொடக்கூடாது."

அத்தான் முகத்தில் அப்படி ஒரு பொறுப்பு! புருவத்தை நெரித்துத் திருகினார். குழாயில் காது வைத்துக் கேட்டார். மறுபடி திருகினார். சாறு தன்பாட்டுக்கு இறங்கியது.

வியாபாரி வந்தார், கொஞ்சம் நாக்கில் வைத்தார், கண்ணை மூடினார். "இதே ருசியில தொடர்ந்து தருவீங்களா?" அறை பிழைத்தது.

"பாத்தியா! நான் கூட்டி வெச்சதாலதான்!" என்றார் அத்தான்.

"ஆமா அத்தான்."

சிரிக்கிறீர்களா, வாசகரே? 'இது உங்க பொறுப்பு, வேற யாரும் தொடக்கூடாது' என்று வீட்டிலோ வேலையிலோ உங்களிடமும் யாராவது எதையாவது ஒப்படைத்திருக்கிறார்களா? எதற்கும் மேசைக்குப் பின்னால் ஒருமுறை எட்டிப் பாருங்கள், அந்த ஒயர் எங்கேயாவது போய்ச் சேருகிறதா என்று.

பார்த்துவிட்டு, இந்தக் கதையை நாலு பேருக்குச் சொல்லுங்கள். அத்தானிடம் மட்டும் வேண்டாம். அடுத்த சரக்கு இப்போதுதான் குழாயில் இறங்கிக்கொண்டிருக்கிறது.