வாய்க்கால் வாயில் ஓர் அடிக்கல்

அந்தக் கல்லை அங்கே நட்டது நீதான். முழிக்காதே. கல்லில் பேர் தெரியவில்லை என்றால் ஆளும் தெரியாமல் போய்விடும் என்று நினைத்தாயா? மாலை போட்டுக்கொண்டாய், கைதட்டு வாங்கிக்கொண்டாய், பன்னீர் தெளிக்கச் சொல்லி மணக்க மணக்க நின்றாய், அப்புறம் திரும்பிப் பார்க்காமல் நடையைக் கட்டினாய். போனதுதான் போனாய், கல்லையும் கையோடு எடுத்துக்கொண்டு போயிருந்தால் இந்தக் கதைக்கே வேலையில்லை. இப்போது உட்கார்ந்து கேள். பாதியில் எழுந்து போகிற வேலையெல்லாம் வேண்டாம்.

ஒரு காட்டில் ஒரு மாநகராட்சி இருந்தது. காட்டுக்கு எதற்கு மாநகராட்சி என்று என்னிடம் கேட்டு என்ன பயன்? மேய்ந்து அலைந்து அலுத்துப்போன விலங்குகள் எல்லாம் ஆலமரங்களுக்கு அடியில் வந்து நெருக்கியடித்துக் குடியேறின. பொந்துக்கு மேல் பொந்து, வளைக்குப் பக்கத்தில் வளை. கூட்டம் சேர்ந்ததும் ஒரு மேயர் வேண்டியிருந்தது. மேயர் வந்ததும் விழா வேண்டியிருந்தது. ஆலம்பேட்டை என்று பேர் வைத்துக்கொண்டார்கள்.

மலையில் பெய்கிற மழையும் ஊர் கழிக்கிற தண்ணீரும் ஒரே வாய்க்காலில் ஓடி, ஊருக்கு வெளியே ஓடையில் கலக்கும். அந்த வாய்க்கால் கரையில் வளை தோண்டிக் குடியிருந்தாள் பவளக்கொடி என்ற பெருச்சாளி. பேரைக் கேட்டு மெல்லிய ஆள் என்று எண்ணிவிடாதே. சந்தையின் காய்கறிக் கழிவில் பிறந்து, உதை வாங்கியே பாடம் படித்தவள். பேரத்தில் அவளை அடிக்க ஆள் கிடையாது. ஒரு சொத்தைக் கத்தரிக்காயை வைத்துக்கொண்டு காக்காயிடம் பேச ஆரம்பித்தாள் என்றால், காக்காய் தன் கூட்டைக் கொடுத்துவிட்டு, "இன்னும் ஏதாவது தரணுமாக்கா?" என்று கேட்கும். வளைக்குள் பதித்திருந்த ஓட்டுச் சில்லு ஒவ்வொன்றும் அப்படி வந்ததுதான். அதன் மேல் ஆறு குட்டிகள் உருண்டு விளையாடின.

வாய்க்கால் நன்றாகத்தான் ஓடிக்கொண்டிருந்தது. நன்றாக ஓடுகிற எதையாவது பார்த்தால் யாருக்காவது அதைச் சீரமைக்கத் தோன்றும். தோன்றியது. வாய்க்கால் சீரமைப்புத் திட்டம் என்று ஒன்று போட்டார்கள். திட்டம் என்றால் அடிக்கல் நாட்டு விழா உண்டல்லவா? விழாவுக்குச் சமமான இடம் வேண்டும். ஊர் பூராவும் குண்டும் குழியும். பெருக்கித் துடைத்த மாதிரி இருந்த ஒரே இடம், ஊரைவிட்டு வெளியேறுகிற வாய்க்காலின் வாய்தான். தண்ணீர் ஓடி ஓடி அதுவே அப்படி வைத்திருந்தது. அங்கேயே நட்டார்கள். எருமை படுத்திருப்பது போல அகலமான கருங்கல்.

வாய்க்காலைச் சீரமைக்க நட்ட கல், வாய்க்காலை அடைத்துக்கொண்டது. தண்ணீர் அன்றைக்கு நின்றதுதான்.

அன்று பார்த்துப் பவளக்கொடி சந்தைக்குப் போயிருந்தாள். வரும்போது பன்னீர் வாசம் மட்டும் மிச்சம் இருந்தது. "எவன் நட்டான்?" என்று அக்கம்பக்கத்தில் கேட்டாள். "கூட்டத்துல எனக்கு முன்னால நின்னவன் முதுகுதான் தெரிஞ்சிச்சு" என்றார்கள் எல்லோரும், அந்த முதுகுக்காரன் உட்பட. கல்லிலேயே பார்த்துவிடலாம் என்று போனால், அதற்குள் தேர்தல் வந்துவிட்டது. தேர்தல் என்றால் பேர்களை மறைக்க வேண்டும் என்பது விதி. பேர் இருக்கும் இடத்தில் பட்டையாகச் சுண்ணாம்பு அடித்துவிட்டுப் போய்விட்டார்கள். தேர்தல் முடிந்தது. சுண்ணாம்பு முடியவில்லை.

தேங்கிய தண்ணீர் கறுத்தது, நாறியது, கொசு கிளப்பியது, பிறகு மெதுவாக வளையின் வாசற்படி வரைக்கும் வந்து எட்டிப் பார்த்தது. ஐப்பசி மழை மட்டும் பிடித்துவிட்டால் வளை மூழ்கும். குட்டிகளுக்கு இன்னும் நீந்தத் தெரியாது.

இந்தச் சமயத்தில்தான் மேயர் திருமேனி ஊரைக் கூட்டினார். திருமேனி ஒரு யானை. அவர் பக்கத்தில் எப்போதும் உதவியாளர் ஓணான் நின்று தலையாட்டும். கேள்வி கேட்டாலும் ஆட்டும், கேட்காவிட்டாலும் ஆட்டும். இந்தத் தகுதியைப் பார்த்துத்தான் வேலைக்கு எடுத்தார்கள்.

"உலகக் காடுகள் சபையில் முடிவாகிவிட்டது!" என்று மேயர் பிளிறினார். "உலகம் உருப்பட மொத்தம் பதினேழு இலக்குகள். அந்தப் பதினேழும் இனி நகரங்களை நடுவில் வைத்துத்தான். நகரம் திருந்தினால் உலகம் திருந்தும். நம்ம ஊரைப் பார்வையிடச் சபையிலிருந்து ஆள் வருகிறார்!"

ஓணான் ஆட்டியது. கூட்டம் கைதட்டியது. பவளக்கொடி எழுந்து நின்றாள்.

"ஐயா, அப்படின்னா உலகம் என் வாசல்லதான் ஆரம்பிக்குது. கல்லை எடுங்க."

"இலக்கு வாரியாக அலுவலர் போட்டிருக்கேம்மா. முறைப்படி போய்ப் பார்."

முறைப்படி போனாள். ஆறாம் இலக்கு தண்ணீர், சுகாதாரம். அதற்கு ஓர் ஆமையைப் போட்டிருந்தார்கள். வரிசை நத்தையை விட மெதுவாக நகர்ந்தது. வரிசையில் முன்னால் நின்றதே நத்தைதான். முறை வந்ததும் ஆமை தலையை வெளியே நீட்டிற்று.

"தண்ணி ஓடுதா?"

"ஓடினா நான் ஏன் இங்க வரேன்?"

"ஓடுற தண்ணிதான் இந்த ஆபீசு. நின்ன தண்ணி நகரப் பிரச்சனை. பதினொண்ணுக்குப் போ."

"நின்னுபோனதைத்தானய்யா ஓட வைக்கணும்?"

"ஓட ஆரம்பிச்சதும் வா, பார்த்துக்கலாம்" என்று தலையை உள்ளே இழுத்துக்கொண்டது. ஓட்டின் மேல் அவள் ஓங்கித் தட்டினாள். உள்ளேயிருந்து, "சாப்பாட்டு நேரம்" என்று குரல் வந்தது.

பதினொன்றாம் இலக்கு நகரம். நகரம்தான் நடு என்பதால் அதை மேயரே வைத்துக்கொண்டிருந்தார். பவளக்கொடி நேரே போய் அவர் காலடியில் நின்றாள்.

"ஐயா, உங்க தும்பிக்கையால ஒரு தள்ளு தள்ளினா வேலை முடிஞ்சிடும்."

"எனக்குத் தெரியாதா? தள்ள முடியும். ஆனா விதி இருக்கே. நாட்டினவங்கதான் அடிக்கல்லை எடுக்கலாம். நாட்டினது யாருன்னு தெரியலையே."

"சுண்ணாம்பைச் சுரண்டிப் பாருங்க."

"அடிச்சவங்கதான் சுரண்டலாம்."

பவளக்கொடிக்கு மீசை துடித்தது. ஆனாலும் அவள் பேரக்காரி. கோபத்தை மடியில் கட்டிக்கொண்டு ஆரம்பித்தாள்.

"சரி, எடுக்க வேண்டாம். ரெண்டு சாண் நகர்த்துங்க."

"முடியாதும்மா."

"ஒரு சாண்?"

"முடியாது."

"சாய்ச்சாவது வைங்கய்யா. ஒருபக்கமா தண்ணி போயிரும்."

"அடிக்கல்லைச் சாய்ச்சா திட்டமே சாய்ஞ்சிடுச்சுன்னு எதிர்க்கட்சி பேசும்."

"திட்டம் எங்கய்யா நிக்குது, சாயறதுக்கு?"

ஓணான் பழக்கத்தில் இதற்கும் தலையாட்டிவிட்டது. மேயர் அதை ஒரு முறை முறைத்தார். பிறகு குரலைத் தாழ்த்தினார். "ஏம்மா, சபைக்காரர் வந்துட்டுப் போகட்டும். அப்புறம் நானே வந்து பார்க்கிறேன். அதுவரைக்கும் நீ சத்தம் போடாம இரு."

"வந்துட்டுப் போகட்டும்" என்ற வார்த்தை சந்தையில் எவ்வளவுக்குப் போகும் என்று பவளக்கொடிக்குத் தெரியும். ஒரு சொத்தைக் கத்தரிக்காய் கூடக் கிடைக்காது.

மறுநாளே ஊர் மாறத் தொடங்கியது. மரங்களுக்கு இடுப்பு வரை காவியும் வெள்ளையும் பூசினார்கள். பாதையோரம் பிளீச்சிங் பவுடரைக் கோடு கிழித்த மாதிரி தூவினார்கள். காட்டிலிருந்தே செடிகளைப் பிடுங்கித் தொட்டியில் வைத்து, காட்டிலேயே வரிசையாக அடுக்கினார்கள். தொழிலாளர்கள் வந்து பவளக்கொடியின் வாசலுக்கும் அந்தக் கறுத்த குட்டைக்கும் முன்னால் உயரமாகப் பச்சைத் துணி கட்டினார்கள். அந்தப் பக்கம் நின்று பார்த்தால் துணிக்குப் பின்னால் ஏதோ தோட்டம் இருக்கிறது போலத் தெரிந்தது. இந்தப் பக்கம் குட்டிகள் இருட்டில் உட்கார்ந்து தும்மின.

பவளக்கொடி யோசித்தாள். அவளால் கல்லைத் தள்ள முடியாது. ஆனால் தோண்ட முடியும். தோண்டுவதற்கு அவள் யாரிடமும் பேரம் பேசத் தேவையில்லை. கல்லுக்கடியில் தோண்டி வழிவிட்டால் சத்தமில்லாமல் அடைத்துவிடுவார்கள்; ஊரே பார்க்கிற இடத்தில் தோண்ட வேண்டும். குட்டையிலிருந்து மண்ணுக்கடியில் ஒரு சுரங்கம் பிடித்து, நேரே விழா மேடைக்கு முன்னால் கொண்டுபோய் நிறுத்தினாள். கடைசியில் ஒரு கைப்பிடி மண்ணை மட்டும் மிச்சம் விட்டாள். சபைக்காரர் காலில் சாக்கடை ஏறட்டும். மூக்கைப் பிடித்துக்கொண்டு, "இது என்ன?" என்று அவர் கேட்கட்டும். அப்போது மேயர் எந்த இலக்குக்குப் போகச் சொல்வார் என்று பார்க்கலாம்.

சபைக்காரர் வந்தார். அவர் ஒரு கூழைக்கடா, மீன் தின்னும் பெரிய நீர்ப்பறவை. கடல் கடந்து வந்தவர். அலகுக்குக் கீழே தொங்கும் பையில் அறிக்கைகளை வைத்திருந்தார். பேசும்போது அவை ஒவ்வொன்றாக நனைந்து வெளியே வந்தன. பேச்சுவழக்கு அவருக்குத் தெரியாது. செய்தி வாசிப்பது போலத்தான் பேசுவார்.

மேயர் மேடையில் நின்று, "உலகின் நடுவே நகரம்! நகரின் நடுவே நாம்!" என்று தொடங்கினார்.

பவளக்கொடி அந்தக் கடைசிக் கைப்பிடி மண்ணைத் தட்டிவிட்டாள்.

குபீரென்று கறுப்புத் தண்ணீர் மேடைக்கு முன்னால் பொங்கியது. பச்சைத் துணி கம்போடு சரிந்தது. நாற்றம் எழுந்து முன்வரிசையில் உட்கார்ந்து, பின்வரிசைக்கும் போனது. மயில்கள் தோகையைத் தூக்கிக்கொண்டு ஓடின. மேயர் துதிக்கையைத் தலைக்கு மேலே தூக்கிக்கொண்டார். வேறெங்கும் வைக்க இடமில்லை. எல்லோரும் சபைக்காரரைப் பார்த்தார்கள்.

சபைக்காரர் குனிந்தார். தண்ணீரில் ஏதோ புரண்டது. அலகை விட்டார். நன்றாகக் கொழுத்த கெளுத்தி ஒன்று பைக்குள் போனது. அறிக்கைகளோடு சேர்த்து விழுங்கினார்.

"அற்புதம்!" என்றார். "நகரத்தின் மத்தியில் ஓர் ஈரநிலம்!"

மேயருக்கு ஒரு கணம் ஒன்றும் புரியவில்லை. ஓணான் மட்டும் தலையாட்டியது.

"தண்ணீரைத் தேக்கியிருக்கிறீர்கள். நீர்வாழ் உயிர்களைக் காத்திருக்கிறீர்கள்" என்று கூழைக்கடா இன்னொரு கெளுத்தியை விழுங்கினார். "பசியையும் போக்கியிருக்கிறீர்கள். ஒரே குட்டையில் எத்தனை இலக்குகள்! இந்தத் தடுப்பணையைக் கட்டியவர் யார்?"

அவர் காட்டியது கல்லை.

அதுவரை முதுகு மட்டுமே பார்த்திருந்த ஊர், ஒரே குரலில், "நான்!" என்றது. ஆமை கூட முழு உடம்போடு ஓட்டைவிட்டு வெளியே வந்துவிடும் போலிருந்தது.

பவளக்கொடிக்குக் கண் பளிச்சிட்டது. இதுதான் சமயம். பாய்ந்து போய் நகத்தால் சுண்ணாம்பைச் சுரண்டினாள். "நட்டவன் பேர் இதோ இருக்கு! நட்டவனே எடுக்கட்டும்!"

சுண்ணாம்பு உதிர்ந்தது. கீழே "மாண்புமிகு" என்று இருந்தது. அதற்குப் பிறகு மொழுக்கென்று கல். அதற்கப்புறம் "அவர்களால் நாட்டப்பட்டது." விழாவுக்கு யார் வருவார் என்று கடைசி வரை முடிவாகாததால் பேரைப் பொறிக்காமலே விட்டிருக்கிறார்கள். இல்லாத பேரைத்தான் இத்தனை நாளும் மறைத்து வைத்திருந்தார்கள்.

"இடம் காலியா இருக்கா?" என்றார் மேயர். உடனே மரங்கொத்தியைக் கூப்பிட்டார். டொக் டொக் டொக் என்று "திருமேனி" ஏறியது. கூழைக்கடா கைகுலுக்க இறக்கையை நீட்டினார்.

பவளக்கொடி நடுவில் புகுந்தாள்.

"ஒரு நிமிசம். பேர் உங்களுதா?"

"என்னுதுதாம்மா. ஊரே பார்க்குதே."

"நாட்டினது நீங்களா?"

"நானேதான்!"

"நாட்டினவங்க எடுக்கலாம்னு விதி சொன்னது யாரு?"

ஓணான் மேயரையே பார்த்துத் தலையாட்டியது. கூட்டத்தில், "பெருச்சாளி மடக்கிட்டாடா" என்று யாரோ சிரித்தார்கள். வேறு வழியில்லை. மேயர் துதிக்கையைக் கல்லில் வைத்தார். கல் அசைந்தது. அடியில் ஒரு இழை தண்ணீர், கம்மலில் தொங்கும் முத்து மாதிரி, வெளியே எட்டிப் பார்த்தது.

"நிறுத்துங்கள்!" என்று கூழைக்கடா அலறினார். "பாதுகாக்கப்பட்ட ஈரநிலத்தில் ஒரு கூழாங்கல்லை நகர்த்தினாலும் குற்றம்!"

"எப்பய்யா பாதுகாத்தீங்க?"

"இப்போதுதான் அறிவித்தேன்."

மேயர் துதிக்கையை எடுத்தார். அவ்வளவு வேகமாக அவர் எந்த வேலையும் செய்து ஊர் பார்த்ததில்லை. கல் பழைய இடத்தில் உட்கார்ந்தது. முத்து உள்ளே போனது. ஈரநிலத்தின் பரப்பை யாரும் குறைக்கக்கூடாது என்று பவளக்கொடியின் சுரங்கத்தையும் அன்றே மண் போட்டு அடைத்தார்கள். ஆலம்பேட்டைக்கு விருது கிடைத்தது. உலகத்திலுள்ள எல்லா நகரங்களும் தங்கள் வாய்க்கால்களின் வாயில் ஆளுக்கொரு கல் நட வேண்டும் என்று சபை பரிந்துரைத்தது. பார்க்க வந்த ஊர்க்காரர்கள் எல்லாம் கல்லின் அளவை எடுத்துக்கொண்டு போனார்கள்.

ஐப்பசி வந்தது. மழை சொன்னபடி வந்தது. பேச்சு தவறாத ஆள் அந்தக் காட்டில் மழை ஒன்றுதான். வளை மூழ்கியது. பேரம் பேசிச் சேர்த்த ஓட்டுச் சில்லு ஒவ்வொன்றும் தண்ணீருக்கடியில் போனது. பவளக்கொடி குட்டிகளை ஒவ்வொன்றாகக் கழுத்தில் கவ்விக்கொண்டு நீந்தினாள். ஊரில் நனையாமல் மேடாக இருந்தது ஒரே இடம். அந்தக் கல். அதன் மேலேயே ஏறி உட்கார்ந்தாள்.

உட்கார்ந்திருக்கும்போதே அடுத்த தேர்தல் அறிவித்தார்கள். ஓணான் சுண்ணாம்பு வாளியும் மட்டையுமாக வந்தது.

"அக்கா, காலைக் கொஞ்சம் தூக்கிக்குங்க. பேரை மறைக்கணும்."

"மேயர் எங்கடா?"

"எந்த மேயர்?" என்று ஓணான் பேரின் மேல் சுண்ணாம்பைப் பூசியது. தலையை ஆட்டிக்கொண்டே பூசியதால் பவளக்கொடியின் வாலிலும் பட்டது.

நீதி: தெருச் சாக்கடை அடைத்துக்கொண்டால் புகார் கொடுக்காதீர்கள், அதில் நாலு மீனை விடுங்கள். மீன் விடும் வரைக்கும் அது குறை, விட்ட பிறகு சாதனை.

நீதி சொல்லியாகிவிட்டது. இனி உனக்கு வருகிறேன். நட்டவன் நீயோ, பேர் பொறித்தவன் நீயோ, எவனோ ஒருவன். அவள் இன்னும் அந்தக் கல்லின் மேலேதான் குட்டிகளோடு உட்கார்ந்திருக்கிறாள், வாலில் சுண்ணாம்போடு. மாலை வேண்டாம், பன்னீர் வேண்டாம், மன்னிப்புக்கூட வேண்டாம். வந்து கல்லைத் தள்ளு. தூக்க முடியாதா, சரி, ஒரு சாண் நகர்த்து. அதுவும் கஷ்டமா, அரைச் சாண். அதற்குக் கீழே ஒரு விரற்கடை கூட இறங்க முடியாது. வா.