லாட்ஜ் மாடியில் சம்பந்தி

எனக்கு இதுவரை பல்வலி வந்ததே இல்லை. ஆனால் என் பெரிய மகள் மங்கைக்கு மாப்பிள்ளை பார்த்துக்கொண்டிருந்த அந்த வருஷம், என் வீட்டாரைப் பொறுத்தவரை எனக்கு ஓயாத பல்வலி. கன்னத்தில் கையை வைத்துக்கொண்டு, "டாக்டரைப் பார்த்துட்டு வரேன்" என்று நான் கிளம்பாத மாதம் கிடையாது. என் மனைவி லோகா எனக்கென்று தனியாகச் சாதத்தைக் குழைய வேகவைத்தாள். முறுக்கை உரலில் இடித்துத் தூளாக்கிக் கொடுத்தாள். நல்ல பல்லை வைத்துக்கொண்டு முறுக்குத் தூளை ஸ்பூனால் தின்றவன் திருச்சி ஜில்லாவிலேயே நான் ஒருவனாகத்தான் இருப்பேன்.

கோளாறு பல்லில் இல்லை. நாற்பத்தைந்து வயதில் எனக்கு ஆண்மைக் குறைவு வந்திருந்தது. (இந்த இரண்டு வார்த்தையை எழுதிவிட்டு, எழுந்துபோய் ஒரு டம்ளர் தண்ணீர் குடித்துவிட்டு வந்தேன்.) பத்திரிகை விளம்பரங்களில் இதற்கு 'நரம்புத் தளர்ச்சி' என்று மரியாதையான பெயர் உண்டு. அந்த நாட்களில் எங்கள் தெருவிலிருந்து எந்தப் பக்கம் போனாலும் பாதியில் நின்றுபோன ஸ்ரீரங்கத்து மொட்டைக் கோபுரம்தான் கண்ணில் பட்டது. அதன்மேல் எனக்குக் காரணமில்லாமல் கோபம் வந்தது.

இத்தனைக்கும் நான் ஒரு ஹைஸ்கூலில் சயின்ஸ் வாத்தியார். எதையும் ஆராய்ந்து, ஒப்பிட்டு, முடிவெடுக்கச் சொல்லிக் கொடுப்பது என் தொழில். (மனித உடல் பற்றிய பாடத்தில் ஒரு குறிப்பிட்ட பகுதி வந்ததும், "இதை வீட்ல படிச்சுக்குங்க" என்று புத்தகத்தை மூடுவதும் அதே வாத்தியார்தான்.) ஆகவே வைத்தியங்களை ஒப்பிட ஆரம்பித்தேன். எது குணமாக்கும் என்று ஒப்பிட்டிருந்தால் விஞ்ஞானம். எதில் மானம் குறைவாகப் போகும் என்று மட்டும்தான் ஒப்பிட்டேன்.

இங்கிலீஷ் டாக்டர் எங்கள் தெருவிலேயே இருந்தார். அவர் மனைவியும் லோகாவும் சேர்ந்து வடாம் பிழிகிறவர்கள். அந்த வழி அடைபட்டது.

பெரிய கடைவீதிக்குப் பின்னால் ஒரு யுனானி ஹக்கீம் இருந்தார். தங்கமான மனிதர். ஆனால் காது கொஞ்சம் மந்தம் என்பதால் உலகத்துக்கே காது மந்தம் என்று நினைத்துப் பேசுவார். நான் அவர் காதருகே குனிந்து என் குறையைச் சொன்னேன். அவர் கனிவோடு, பக்கத்து அத்தர் கடையில் நின்றவர்கள் திரும்பிப் பார்க்கும்படி, "எத்தினி மாசமா எந்திரிக்கல வாத்தியாரே? கவலைப்படாதீங்க, அல்லா இருக்கான்!" என்றார். அத்தர் கடைக்காரர் என்னைப் பார்த்து ஆறுதலாகத் தலையசைத்தார். ஹக்கீம் கொடுத்த ஜாடியை வேட்டி மடிப்பில் சுருட்டிக்கொண்டு ஓடியவன், பிறகு அந்தத் தெருப் பக்கமே போகவில்லை.

மிஞ்சியது லாட்ஜ் வைத்தியர். பரம்பரை வைத்தியர் ஒருவர் மாதம் ஒருமுறை திருச்சிக்கு வந்து, சத்திரம் பஸ் ஸ்டாண்டு பக்கம் ஒரு லாட்ஜில் ரூம் போட்டு உட்காருவார். 'ரகசியம் காக்கப்படும்' என்று விளம்பரத்திலேயே போட்டிருந்தது. அதுதான் என்னைக் கவிழ்த்தது. முதல் தடவை போனதில் ஒரு டப்பா லேகியம் கொடுத்தார். அல்வா மாதிரி இருந்தது. புஸ்தக அலமாரியில் ஒளித்து வைத்துக் காலையும் மாலையும் எலுமிச்சங்காய் அளவு விழுங்கினேன். உடம்பு இளைத்தது. தாகம் எடுத்தது. மற்றபடி ஒரு மாற்றமும் இல்லை. சரி, இன்னொரு டப்பா சாப்பிட்டுப் பார்ப்போம் என்று அடுத்த மாதமும் போனேன்.

இதற்கிடையில் மங்கைக்கு வரன் குதிர்ந்தது. உறையூரில் சுருட்டு வியாபாரம் செய்த கந்தசாமி என்பவரின் ஒரே மகன். பேர் முருகேசன். பாலிடெக்னிக் படித்து நல்ல வேலையில் இருந்தான். ஞாயிற்றுக்கிழமை பெண் பார்த்துவிட்டு, "எங்களுக்குத் திருப்தி" என்று சொல்லிப் போனார்கள். மங்கை இரண்டு நாள் சமையலறையில் பாடிக்கொண்டே இருந்தாள். வெள்ளிக்கிழமை வெற்றிலை பாக்கு மாற்றுவதாக ஏற்பாடு. நான் லாட்ஜுக்குப் போனது நடுவில் வந்த புதன்கிழமை.

அந்த லாட்ஜின் மாடி வராந்தாவில் ஒரு விசேஷமான வழக்கம் உண்டு. அங்கே யாரும் பேர் சொல்ல மாட்டார்கள். ஊரைச் சொன்னால் போதும். வைத்தியரின் ஆள் கதவைத் திறந்து, "மணப்பாறை, உள்ள வாங்க!" "துறையூர், மருந்தை மறந்துட்டீங்க!" என்று கூவுவான். பெஞ்சு முழுக்க ஆம்பிளைகள். எல்லார் முகத்துக்கு முன்னாலும் விரித்துப் பிடித்த பேப்பர். நாட்டு நடப்பில் அவ்வளவு அக்கறையுள்ள கூட்டத்தை நான் வேறெங்கும் பார்த்ததில்லை. பேப்பர் இல்லாமல் உட்கார்ந்திருந்தவர் உப்பிலியபுரத்து விவசாயி ஒருவர் மட்டும்தான். அவர் வேர்க்கடலை தின்றுகொண்டே, "எனக்குத்தாங்க பாக்க வந்தேன். உங்களுக்கும் அதேதானா?" என்று சந்தோஷமாக விசாரித்தார். நான் பேப்பரை இன்னும் கிட்டத்தில் இழுத்துக்கொண்டேன்.

கதவு திறந்தது. "உறையூர், உள்ள வாங்க! ஸ்ரீரங்கம், அடுத்தது நீங்க, தயாரா இருங்க!"

எனக்குப் பக்கத்துப் பேப்பர் கீழே இறங்கியது. என் பேப்பரும் இறங்கியது. அந்தப் பேப்பருக்குப் பின்னால் இருந்தது கந்தசாமி.

ஞாயிற்றுக்கிழமை என் வீட்டில் சொஜ்ஜியும் பஜ்ஜியும் சாப்பிட்ட அதே முகம். ரத்தமெல்லாம் வடிந்து வெள்ளைப் பூசணி மாதிரி இருந்தது. என் முகம் எப்படி இருந்தது என்று எனக்குத் தெரியாது.

"வாங்க, வாங்க," என்றேன் நான், ஏதோ என் வீட்டு வாசலில் நிற்பவன் மாதிரி.

"நீங்க எங்க சார் இந்தப் பக்கம்?"

"எங்க ஸ்கூல் தமிழய்யாவுக்காக வந்தேன். பாவம், நேர்ல வர வெக்கப்படுறார்." (தமிழய்யாவுக்கு ஆறு குழந்தைகள். ஏழாவது வழியில் இருந்தது.)

"அதான பாத்தேன்! நானும் அப்படித்தான். எனக்கில்ல. நமக்கு வேண்டிய பையன் ஒருத்தன். சின்ன வயசு. அவனால வர முடியல," என்று சொல்லிவிட்டுக் கந்தசாமி உள்ளே போய்விட்டார்.

எனக்கு அந்த வராந்தா ஒருமுறை சுற்றி நின்றது. சின்ன வயசுப் பையன். அவருக்கு வேண்டிய பையன். அவருக்கு இருப்பதோ ஒரே பையன்! ஐயோ, வெள்ளிக்கிழமை வெற்றிலை பாக்கு!

நிச்சயத்தை நிறுத்த வேண்டும். என்ன காரணம் சொல்லி? "மாப்பிள்ளைக்கு இப்படியாம்" என்றால், "உங்களுக்கு எப்படித் தெரியும்?" என்று லோகா கேட்பாள். "லாட்ஜில் பார்த்தேன்" என்றால், "நீங்க எதுக்கு அங்க போனீங்க?" என்பாள். எந்தப் பக்கம் திரும்பினாலும் வழி என் வீட்டுப் புஸ்தக அலமாரியில் போய் முட்டியது. என் மானத்தைக் காப்பாற்றினால் மகள் வாழ்க்கை போச்சு. மகளைக் காப்பாற்றினால் மானம் போச்சு. மங்கை பாடியது வேறு காதில் கேட்டுக்கொண்டே இருந்தது.

"ஸ்ரீரங்கம்! ஸ்ரீரங்கம் எங்க போச்சு?" என்று ஆள் கூவினான். (இன்றைக்கும் டவுன் பஸ் கண்டக்டர் அப்படிக் கூவினால் எனக்கு உள்ளங்கை வியர்க்கும்.) நான் உப்பிலியபுரத்துக்காரரை உள்ளே தள்ளிவிட்டு, வெளியே வந்த கந்தசாமியின் கையைப் பிடித்துக் கீழே இருந்த காப்பி கிளப்புக்கு இழுத்துப் போனேன்.

"அந்தப் பையன் யாருங்க?"

"அதெல்லாம் சொல்லக் கூடாது சார். பாவம், கல்யாணம் ஆகப்போற பையன்."

என் டவராவிலிருந்த காப்பி வேட்டியில் கொட்டியது. சூடு கூடத் தெரியவில்லை.

"கல்யாணம் ஆகப்போறதா?"

"ஒரு பேச்சுக்குச் சொன்னேன்," என்றார் அவர், மூலை மேஜையைப் பார்த்துக்கொண்டே. பொய்க்கு மேல் பொய்யாக அடுக்கிவிட்டு இறங்க வழி தெரியாத மனிதரின் முகம் அது. ஆனால் பெண்ணைப் பெற்றவனுக்கு அதெல்லாம் புரியுமா? அவர் பொய் சொல்லவில்லை என்றால் என் மகள் கெட்டாள். அவர் பொய் சொல்லியிருக்க வேண்டும் என்று அரங்கனை வேண்டினேன். அவர் வாயிலிருந்து உண்மையைப் பிடுங்க ஒரே வழிதான் இருந்தது. கண்ணை இறுக்கி மூடிக்கொண்டேன்.

"தமிழய்யா இல்லைங்க. நான்தான்."

கண்ணைத் திறந்தபோது கந்தசாமி டம்ளரையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"பையனும் இல்லைங்க," என்றார். "நான்தான்."

"சத்தியமா?"

"மலைக்கோட்டைப் பிள்ளையார் சத்தியமா சார். ரெண்டு வருஷமா."

"அப்பாடா! ரொம்ப சந்தோஷம்!" என்று அவர் இரண்டு கையையும் பிடித்துக் குலுக்கினேன்.

"சந்தோஷமா?" என்றார் அவர்.

விஷயத்தை விளக்கினேன். தன் மகன்மேல் நான் சந்தேகப்பட்டது தெரிந்ததும் மனிதர் அதிர்ந்துபோனார். பிறகு சிரிக்க ஆரம்பித்தார். சிரித்துக்கொண்டே கண்ணைத் துடைத்துக்கொண்டார். அந்தத் துடைப்பு சிரிப்பினால் மட்டும் வந்ததில்லை என்று எனக்கும் தெரிந்தது. ஒரு வருஷமாக யாரிடமும் சொல்லாததைச் சொல்ல ஓர் ஆள் கிடைத்தால் எப்படி இருக்கும்! நாங்கள் இன்னும் இரண்டு காப்பி சொல்லி, வைத்தியங்களை ஒப்பிட உட்கார்ந்தோம்.

"ஹக்கீம் பாய்கிட்ட போனீங்களா?"

"போனேன். அத்தர் கடை வரைக்கும் தெரிஞ்சுபோச்சு."

"எனக்கு அதுக்கும் அடுத்த பாத்திரக் கடை வரைக்கும். இந்த லேகியம்?"

"பலகாரமா நெனச்சாக் குறை சொல்ல முடியாதுங்க."

"நான் பம்பாய்லேருந்து பேட்டரி பெல்ட்டு ஒண்ணு வரவழைச்சேன் சார். இடுப்புல கட்டிக்கணும்."

"வேலை செஞ்சுதா?"

"செஞ்சுது. கடையில மேஜை மேல இருந்த சுருட்டுப் பெட்டியெல்லாம் கீழ விழுந்துச்சு. என்னையும் சேத்து."

கடைசியில், இருவரும் சேர்ந்து முன்பின் தெரியாத இங்கிலீஷ் டாக்டர் ஒருவரிடம் போவது என்று தீர்மானமாயிற்று. மறுநாளே கண்டோன்மெண்டு பக்கம் ஒருவரைப் பிடித்தோம். அவர் எங்களை ஏற இறங்கக்கூடப் பார்க்கவில்லை. ஜலதோஷத்துக்கு வந்தவர்களை விசாரிப்பது மாதிரி விசாரித்தார். என் சிறுநீரை ஒரு நீலத் திரவத்தில் விட்டுக் காய்ச்சினார். செங்கல் நிறமாயிற்று. அதே நீலத் திரவத்தைத் திராட்சைச் சாற்றில் விட்டு வருஷா வருஷம் பையன்களுக்குச் செய்து காட்டுகிறவன் நான்.

"சர்க்கரை வியாதி. அதனாலயும் இது வரும். என்ன மருந்து சாப்பிட்டீங்க?"

"லேகியம். தெனம் ரெண்டு வேளை."

"அதுல என்ன இருக்கு?"

"கருப்பட்டி. தேன். கல்கண்டு."

டாக்டர் கண்ணாடியைக் கழற்றிவிட்டார். "தெனம் ரெண்டு வேளையா? உயிரோட வந்தீங்களே!" என்றார். கந்தசாமிக்கு ரத்தக் கொதிப்பு. சுருட்டை விற்கலாம், குடிக்கக் கூடாது என்று உத்தரவாயிற்று. சாப்பாட்டைக் கட்டுப்படுத்தி, மாத்திரை சாப்பிட்டு, காவிரிக் கரையில் நடந்தால் உடம்பு தேறும், மற்றது ஓரளவு திரும்பலாம், உறுதி சொல்ல மாட்டேன் என்றார். நாங்கள் பார்த்த வைத்தியர்களிலேயே உறுதி சொல்லாதவர் அவர் ஒருவர்தான்.

இதோடு முடிந்திருந்தால் நான் இதை எழுதியிருக்க மாட்டேன். நாங்கள் இருவரும் லாட்ஜ் படியிறங்கியதைப் பக்கத்து வீட்டுக்காரர் பார்த்திருக்கிறார்.

"பல் டாக்டர் லாட்ஜ் மாடியிலயா இருக்காரு? சம்பந்திக்குமா பல்வலி?" என்று லோகா கேட்டாள்.

"பல் டாக்டர் இல்ல. வந்து, ஜோசியர். கேரளத்து ஜோசியர். மாசம் ஒரு தடவைதான் வருவார். ரெண்டு ஜாதகத்தையும் காட்டினோம்."

"என்ன சொன்னாரு?"

"அமோகம்னு சொல்லிட்டார்."

கந்தசாமியும் தன் வீட்டில் அதையே சொல்லும்படி ஏற்பாடு செய்தேன். நிச்சயதார்த்தம் நன்றாக நடந்தது. நான் சர்க்கரை வியாதியை மட்டும் லோகாவிடம் சொன்னேன். அது கௌரவமான வியாதி. பல்வலியும் ஒருவழியாகக் குணமாயிற்று.

அடுத்த மாதம் ஒருநாள் ஸ்கூல் விட்டு வந்தேன். கூடத்தில் லோகாவும் உறையூர்ச் சம்பந்தியம்மாவும் உட்கார்ந்திருந்தார்கள். எதிரே ஒரு நாற்காலியில் கந்தசாமி, வகுப்புக்கு வெளியே நிறுத்தப்பட்ட பையன் மாதிரி.

"முகூர்த்தத்துக்கு நாள் கேக்கலாம்னு, நாங்க ரெண்டு பேரும் உங்க ஜோசியரைப் பாத்துட்டு வந்தோம்," என்றாள் லோகா.

நான் நின்ற இடத்திலேயே உட்கார்ந்தேன். நாற்காலி அங்கே இல்லை.

"ஊர் பேரு கேட்டாங்க, சொன்னோம்," என்றார் சம்பந்தியம்மா. "'உறையூர், ஸ்ரீரங்கம், ரெண்டு பேரும் உள்ள வாங்க'ன்னு கூப்பிட்டாங்க. ஜாதகத்தை எடுத்து நீட்டினேன். அந்த மனுஷன் அதை வாங்கி வெச்சுட்டு, 'வீட்டுக்காரங்க கூச்சப்படுறாங்களாம்மா? போன மாசமே ஒருத்தர் மருந்து வாங்காம ஓடிட்டாரே'ன்னு கேக்கிறாரு. அந்த வராந்தாவுல அத்தனை பேப்பரும் ஆடிச்சு!" என்று சொல்லி முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டார். தோள் குலுங்கியது.

லோகா சிரிக்கவில்லை. உள்ளே போய் ஒரு டப்பாவைக் கொண்டுவந்து என் முன்னால் வைத்தாள்.

"உங்களுக்குச் சர்க்கரைன்னு சொன்னேன். கருப்பட்டி போடாம வேற குடுத்தாரு," என்றாள். பிறகு மெதுவாக, "ஒரு வருஷமா எம்மேலதான் வெறுப்புன்னு நெனச்சுக்கிட்டிருந்தேன்," என்றாள்.

அத்தர் கடை, லாட்ஜ், செங்கல் நிறம், எதுவும் என்னை அப்படித் தூக்கிப் போடவில்லை. எந்த வைத்தியத்தில் மானம் போகும் என்று ஒரு வருஷம் ஒப்பிட்டவன், அடுத்த பாயில் படுத்திருந்தவளைப் பற்றி ஒருநாளும் யோசிக்கவில்லை. (டப்பாவை அவளே மறுநாள் காவிரியில் விட்டாள். எனக்கு எவ்வளவு குணமாயிற்று என்பது உங்களுக்கு வேண்டாத விஷயம். கோபுரத்தின் மேல் இப்போது எனக்குக் கோபம் இல்லை.)

கல்யாணம் நடந்தது. போன வருஷம் பேத்தி பிறந்தாள். பெயர் வைக்க எல்லாரும் கூடியிருந்தபோது மாப்பிள்ளை முருகேசன், "மாமா, எங்க கல்யாணத்துக்குப் பாத்தீங்களே, அந்தக் கேரளத்து ஜோசியர், அவர்கிட்டயே பாப்பாவுக்கும் ஜாதகம் கணிச்சுடலாமே. எந்த லாட்ஜு?" என்று கேட்டார்.

"வேண்டாம்!" என்று நாங்கள் நான்கு பேரும் ஒரே குரலில் கத்தினோம். தொட்டிலில் தூங்கிய குழந்தை வீறிட்டு அழுதது.

பேத்திக்கு ஜாதகமே எழுதவில்லை. எங்கள் தெருவில் இப்போது ஒரு பேச்சு உலவுகிறது. பெருமாள் ஊரில் குடியிருந்துகொண்டு சயின்ஸ் வாத்தியார் சம்பந்தியையும் சேர்த்துக்கொண்டு கறுப்புச் சட்டைக் கட்சியில் சேர்ந்துவிட்டாராம். லோகாவிடம் வந்து, "உங்க வீட்டுக்காரருக்கு ஜோசியத்துல நம்பிக்கை இல்லையாமே?" என்று கேட்கிறார்கள்.

"ஒரு காலத்துல ரொம்ப இருந்துச்சு," என்கிறாள் லோகா. "அப்புறம் நான்தான் போய் நேர்ல பாத்துட்டு வந்தேன்."